சார் ஒரு மணி நேரம், அக்கா மூன்று ராத்திரி

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளைப் பொங்கல் கழிந்து மூன்று நாள் வானியல் முகாமுக்கு அனுப்பினேன். ‘விஞ்ஞானிகளிடம் நேரடியாகக் கற்கலாம்’ என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். வந்தது ஒரே ஒரு விஞ்ஞானி. முதல் நாள் மாலை ஒரு மணி நேரம் பேசினாராம், அப்புறம் ராத்திரியெல்லாம் பிள்ளைகளோடு டீ குடித்துக்கொண்டு நின்றாராம். சொல்லிக்கொடுத்ததெல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். திருவாதிரை நட்சத்திரம் எப்போது வெடிக்கும் என்று என் மகள் கேட்டதற்கு அவர் ‘தெரியாதும்மா’ என்றாராம். இதற்கு விஞ்ஞானி எதற்கு? சூரியனைக் காட்டிய டெலஸ்கோப்பில் பக்கத்திலிருந்த சின்னக் குழாயை டேப் ஒட்டி மூடியிருந்தார்களாம். ரிப்பேர் சாமானை வைத்து ஒப்பேற்றியிருக்கிறார்கள். வெளிநாட்டில் இப்படி நடக்குமா? கட்டணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? இவளோ அடுத்த வருஷம் தானும் அங்கே சொல்லிக்கொடுக்கப் போவேன் என்கிறாள். அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு!
— பெயர் வேண்டாம், தருமபுரி

பதில்: ஐயா, முதலில் அந்த டேப் விஷயத்தை முடித்துவிடுகிறேன். அது ரிப்பேர் இல்லை.

அந்தச் சின்னக் குழாய்க்கு ஃபைண்டர் என்று பெயர். பெரிய குழாயில் வானத்தின் ஒரு துணுக்குதான் தெரியும் என்பதால், எதையும் முதலில் ஃபைண்டரில் பிடித்துவிட்டுத்தான் பெரியதற்குப் போவார்கள். ராத்திரியில் இது சரி. பகலில் சூரியனைக் காட்டும்போது பெரிய குழாயின் முன்வாயில் அதற்கென்று செய்த வடிகட்டியை மாட்டிவிடுவார்கள். பக்கத்தில் வடிகட்டி இல்லாமல் சும்மா நிற்கும் ஃபைண்டரை மறந்துவிட்டால்? வரிசையில் நிற்கும் பொடியன் ஒருவன் எட்டிப் பார்ப்பான். விழித்திரைக்கு வலி தெரியாது; பார்வை போன பிறகுதான் தெரியும். அதனால் ஃபைண்டரைக் கழற்றி வைப்பார்கள், இல்லையென்றால் மூடி போட்டு டேப் ஒட்டுவார்கள். அன்று காலையில் அதை ஒட்டியது அநேகமாக இருபது வயதுப் பிள்ளை ஒன்றாகத்தான் இருக்கும். நீங்கள் கட்டிய பணத்தில் பாதி அந்த டேப்புக்கே தகும் என்பேன்.

அடுத்தது திருவாதிரை. உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி, அவர் சொன்னது சரியான பதில். அது வெடிக்கப்போகிற விண்மீன்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் நாளைக்கா, லட்சம் வருஷம் கழித்தா என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. அது இருக்கும் தூரத்துக்கே 500 ஒளியாண்டிலிருந்து 700 வரை ஆளுக்கொரு கணக்கு இருக்கிறது. 2019 கடைசியில் அது மங்க ஆரம்பித்து, 2020 பிப்ரவரியில் வெறும் கண்ணுக்கே வித்தியாசம் தெரிகிற அளவுக்குப் போனது. இதோ வெடிக்கப்போகிறது என்று உலகமே கழுத்தை நீட்டிக் காத்திருந்தது. வெடிக்கவில்லை, பழையபடி பிரகாசமாகிவிட்டது. அது கக்கிய வாயு ஆறித் தூசியாகி முகத்தை மறைத்திருக்கிறது என்று பின்னால் விளக்கம் வந்தது. இதையெல்லாம் படித்தவர் ஒருவர் ‘தெரியாதும்மா’ என்று சொன்னால் அது ஒன்றும் தெரியாதவர் சொல்லும் ‘தெரியாது’ இல்லை. ‘இன்னும் பத்தாயிரம் வருஷத்தில்’ என்று அடித்துவிட்டிருந்தால் நீங்களும் திருப்தியாகியிருப்பீர்கள், அவளும் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பாள்.

சரி, கல்லூரிப் பிள்ளைகள் விஷயம். எனக்கு இதில் சொந்தக் கதை உண்டு. எம்.எஸ்ஸி. படித்தபோது நானும் இப்படியொரு முகாமில் ‘அக்கா’வாக இருந்தேன். என் பொறுப்பில் ஒரு தொலைநோக்கி, ஒரு முக்காலி, சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச், பன்னிரண்டு பிள்ளைகள். குழாயைப் பிடிக்காதே, கண்ணை மட்டும் கிட்டே கொண்டு வா என்று நூறு தடவை சொல்ல வேண்டும். முந்தைய பிள்ளை இடித்துவிட்டால் வியாழன் காணாமல் போகும். இடிக்காவிட்டாலும் பூமி சுற்றுகிற வேகத்தில் ஓரிரு நிமிஷத்தில் நழுவிவிடும். நழுவ நழுவ மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

வியாழனைக் காட்டி, ‘பக்கத்தில் நாலு புள்ளி தெரியும், நாலும் அதன் நிலாக்கள்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாரும் ‘ஆமாக்கா, ஆமாக்கா’ என்று நகர்ந்தார்கள். ஒரு பையன் மட்டும் கண்ணை எடுக்காமல், ‘மூணுதான்க்கா இருக்கு’ என்றான். நன்றாகப் பார் என்றேன். பார்த்தான். ‘மூணுதான்.’ எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது, பின்னால் இன்னும் ஐந்து பேர் நிற்கிறார்கள். அந்த முகாமுக்கு வந்திருந்த விஞ்ஞானி எங்கள் பின்னால் டீ கிளாஸோடு நின்றிருந்தார் (ஆமாம், டீதான்). குனிந்து பார்த்தார். ‘மூணுதான் இருக்கு’ என்றார். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. பையனிடம், ‘நாலாவது எங்கே போயிருக்கும்? உட்கார்ந்து பார்ப்போமா?’ என்று கேட்டுவிட்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். கால் மணிக்கு ஒரு தடவை அவனை எழுப்பிப் படம் வரையச் சொன்னார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனபோது வியாழனின் விளிம்பில் பரு மாதிரி ஒன்று முளைத்தது. கொஞ்சம் கொஞ்சமாக விலகித் தனிப் புள்ளியாக நின்றது. அதுவரை அந்த நிலா வியாழனின் முகத்துக்கு நேரே போய்க்கொண்டிருந்ததால் அந்த வெளிச்சத்தில் கரைந்து கிடந்திருக்கிறது. 1610 ஜனவரி 7-ஆம் தேதி கலிலியோ முதல்முதலில் பார்த்தபோதும் மூன்றுதான் தெரிந்தது, நாலாவது ஒன்று இருப்பதை அவர் கண்டுகொண்டது 13-ஆம் தேதி. இதை அந்தப் பையன் படம் வரைந்து முடித்த பிறகுதான் அவர் சொன்னார்.

அந்த ராத்திரியில் பாடம் நடத்தியது யார்? பையனை முக்காலியில் ஏற்றி, வியாழனைப் பிடித்துக் கொடுத்து, ‘எனக்கு மூணுதான் தெரியுது’ என்று வாய் திறந்து சொல்லுகிற அளவுக்கு அவனைப் பயமில்லாமல் வைத்திருந்தது நான். சாரிடம் அவன் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான். சார் கேட்டால் நம் பிள்ளைகள் ‘தெரியுது சார்’ என்றுதானே சொல்வார்கள், பார்த்தாலும் பார்க்காவிட்டாலும்! அக்காவிடம், அண்ணாவிடம் உண்மை வரும். ஆனால் வந்த உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்தது. இரண்டு பேரும் வேண்டும் ஐயா. ஒருவரை மட்டும் போட்டு முகாம் நடத்தினால் ஒன்று சொற்பொழிவுக் கூட்டமாகிவிடும், இல்லையென்றால் பிக்னிக்காகிவிடும்.

இன்னொன்று. இன்றைய வானியலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்காகத் தொலைநோக்கியில் கண் வைப்பதே இல்லை. உங்கள் பக்கத்து மலையிலிருக்கும் காவலூர் வானியல் ஆய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பாருங்கள், கண் வைக்க வேண்டிய இடத்தில் கேமராவும், ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியும் இருக்கும், விஞ்ஞானி கணினி முன்னால் உட்கார்ந்திருப்பார். சித்திரை எது, கேட்டை எது என்று இருட்டில் சட்டென்று கை காட்டுவதில் சுறுசுறுப்பான மாணவர் ஒருவர் அவரைத் தோற்கடித்துவிடலாம்.

வெளிநாட்டில் நடக்குமா என்று கேட்டீர்கள். அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகம் லெமன் மலையுச்சியில் பல ஆண்டுகளாக ஒரு வானியல் முகாம் நடத்தியது. டான் மெக்கார்த்தி என்ற வானியலாளர் தலைமையில் நடந்த அந்த முகாமில் ராத்திரி பிள்ளைகளோடு விழித்திருந்தவர்கள் கல்லூரி மாணவர்கள், ஆராய்ச்சி மாணவர்கள். அவர்களில் சிலர் முன்பு அதே முகாமுக்குப் பிள்ளைகளாக வந்தவர்கள். ஐரோப்பாவில் 1969 முதல் நடக்கும் சர்வதேச வானியல் இளைஞர் முகாமிலோ குழுத் தலைவர்களே இளைஞர்கள்தான்.

அவ்வளவு தூரம் ஏன், வானியலாளர் வைணு பாப்புவையே எடுத்துக்கொள்ளுங்கள், காவலூர் ஆய்வகத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 1949-இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது அவர் எடுத்த படத்தட்டில் புதிய வால்நட்சத்திரம் ஒன்று சிக்கியது. அதன் பெயர் பாப்பு–பாக்–நியூகிர்க். பாக் அங்கே பேராசிரியர், நியூகிர்க் உடன் படித்தவர். மாணவர் பெயர்தான் முதலில் நிற்கிறது.

இப்போது பணத்துக்கு வருவோம். திருப்பிக் கேட்க வேண்டாம், ஆனால் கடிதம் எழுதுங்கள். ஒருவரை அழைத்துவிட்டு ‘விஞ்ஞானிகள்’ என்று பன்மையில் அச்சடித்தது தப்பு. அந்தப் பிள்ளைகள் மூன்று ராத்திரி தூங்காமல் செய்த வேலையை நோட்டீஸில் ஒரு வரிகூடச் சொல்லாமல் விட்டது அதைவிடப் பெரிய தப்பு. அடுத்த தடவை யார் யார் சொல்லிக்கொடுக்கிறார்கள், ஒரு தொலைநோக்கிக்கு எத்தனை பிள்ளைகள், பெண் பிள்ளைகள் தங்குமிடத்துக்கு யார் பொறுப்பு என்று எழுதிப் போடச் சொல்லுங்கள். ஒரு தொலைநோக்கிக்கு நாற்பது பிள்ளைகள் என்றால் நானே அனுப்ப மாட்டேன்.

மகள் அடுத்த ஜனவரியில் சொல்லிக்கொடுக்கப் போவது பற்றி: வேண்டாம், பொதுத்தேர்வு முடியட்டும். சின்னப் பெண்ணை அதற்குள் அங்கேயும் சேர்க்கமாட்டார்கள். ஆனால் ‘படிக்கிற வேலையைப் பார்’ என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடாதீர்கள். வாரத்துக்கு ஒரு ராத்திரி, அரை மணி நேரம், தெருப் பிள்ளைகள் நாலு பேரைக் கூட்டி மொட்டை மாடியில் அவள் வானம் காட்டட்டும். தொலைநோக்கி வேண்டாம். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் பத்து டிகிரி. தருமபுரியிலிருந்து துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே பன்னிரண்டு டிகிரிதான், ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே. வடக்கே தென்னை மரமோ தண்ணீர்த் தொட்டியோ இருந்தால் தெரியாது. அதைத் தேடிக் கண்டுபிடித்துக் காட்ட எத்தனை நாளாகிறது என்று பார்ப்போம். முதல் ஆளாக நீங்கள் போய் உட்காருங்கள், செல்போனைக் கீழே வைத்துவிட்டு. இருட்டுக்குக் கண் பழக இருபது, முப்பது நிமிஷமாகும். ஒரு தடவை திரையைப் பார்த்தால் திரும்பவும் முதலிலிருந்து.

தேர்வு முடிந்ததும் ஒரு சனிக்கிழமை காவலூருக்குக் கூட்டிப்போங்கள். பொதுமக்களுக்குச் சனிக்கிழமை மாலைகளில் அனுமதி தருவார்கள், கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். மேகம் இருந்தால் போய்ப் பயனில்லை. மலையில் ராத்திரி குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.