அறுப்பதா, அப்படியே வைப்பதா?

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற 1966ஆம் ஆண்டு டிரையம்ப் போனவில் மோட்டார் சைக்கிள் பதினோரு ஆண்டுகளாக ஓடாமல் நிற்கிறது. தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே அதை மீட்க வேண்டும் என்கிறார் அண்ணன். எனக்கோ பின்சட்டத்தை அறுத்து, தாழ்ந்த ஹேண்டில்பாரும் ஒற்றை இருக்கையும் வைத்து கஃபே ரேசராக மாற்ற ஆசை. அப்பா தன் கையால் அராவிச் செய்த பித்தளைப் பிடிமானம்தான் ஹெட்லைட்டைத் தாங்கி நிற்கிறது. அதை மாற்றுவதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து. ‘இந்தப் பழைய இரும்பின்மேல் என்ன மோகம்?’ என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கே பதில் தெரியவில்லை. யார் பக்கம் நியாயம்? — ஒரு வாசகி

பதில்: மோகத்தை முதலில் பார்த்துவிடுவோம், எனக்கும் உள்ள வியாதிதான் அது. இன்றைய வண்டியில் பொத்தானை அழுத்துகிறோம், ஓடுகிறது. ஏன் ஓடுகிறது என்று கேட்கத் தோன்றுவதில்லை. ஓடாதபோது கேட்டும் பயனில்லை. உங்கள் அப்பாவின் வண்டி வேறு சாதி. பெட்ரோல் குழாயைத் திறந்து, கார்புரேட்டரின் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் சிறு குமிழை, விரல் நுனி பெட்ரோலில் நனையும்வரை அழுத்த வேண்டும். இரண்டு கார்புரேட்டர்கள் என்பதால் இரண்டு குமிழ்கள். பிறகு கிளட்சைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை வெறுமனே உதைத்து, ஒட்டிக்கிடக்கும் கிளட்ச் தட்டுகளைப் பிரிக்க வேண்டும். அடுத்து கிக்கரை மெல்ல மிதித்து, காலை எதிர்த்து நிற்கும் இடம் எது என்று தேடி, அங்கிருந்து உடம்பின் முழு எடையையும் போட்டு ஒரே மிதி. எஞ்சின் பிடித்துக்கொண்டால் காற்றும் பெட்ரோலும் தீப்பொறியும் சந்தித்துவிட்டன. பிடிக்காவிட்டால் இந்த மூன்றில் ஒன்று வரவில்லை. எது என்று ஒரு ஸ்பேனரையும் ஸ்க்ரூ டிரைவரையும் வைத்துக்கொண்டு நீங்களே கண்டுபிடிக்கலாம். மோகத்துக்குக் காரணம் இதுதான் என்பது என் கட்சி. அழகும் ஓசையும் பழைய நினைவும் அதற்குப் பின்னால் வருபவை.

அதற்காகக் குறைகளைப் பூசி மெழுக மாட்டேன். இந்த 649 சிசி எஞ்சினின் இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்குபவை. அந்த அதிர்வு கைப்பிடிக்கு வரும், கால்தாங்கிக்கு வரும், நட்டுகளையும் தளர்த்திவிடும். 1969இல் நான்கு சிலிண்டர்களும் டிஸ்க் பிரேக்கும் மின்சார ஸ்டார்ட்டருமாக ஹோண்டா சிபி750 வந்தபோது வாங்குபவர்கள் அந்தப் பக்கம் சாய்ந்ததில் வியப்பே இல்லை. வண்டி என்று பார்த்தால் அதுதான் மேல்.

இப்போது உங்கள் வழக்கு. வண்டியை மாற்றுவது பாவம் என்று அண்ணன் நினைத்தால், அந்தக் காலத்தையே அவர் சரியாகப் பார்க்கவில்லை. இங்கிலாந்தின் நார்ட்டன் நிறுவனம் தன் பந்தய எஞ்சினைத் தனியாக விற்காது. 500 சிசி கார்ப் பந்தயக்காரர்களுக்கோ எஞ்சின் மட்டும்தான் தேவை. முழு வண்டியையும் வாங்கி எஞ்சினைக் கழற்றிக்கொண்டு, மிச்சத்தை ஓரம் தள்ளினார்கள். அந்த மிச்சம் என்பது 1950இல் களமிறங்கி, வளைவுகளில் பிடியை விடாத ‘ஃபெதர்பெட்’ சட்டம்! அதில் டிரையம்ப் எஞ்சினைப் பொருத்திப் பிறந்ததுதான் டிரைட்டன். கஃபே ரேசர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வரும் அந்த வண்டியை எந்தத் தொழிற்சாலையும் வடிவமைக்கவில்லை. ஆக, உங்கள் ஆசைக்கும் வம்சாவளி இருக்கிறது.

ஆனால் நீங்களும் தப்பவில்லை. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தப் பித்தளைப் பிடிமானம். அண்ணனின் திட்டத்தில் அது போய்விடுகிறது, தொழிற்சாலையில் செய்தது அல்ல என்பதால். உங்கள் திட்டத்திலும் போய்விடுகிறது, புது வடிவத்துக்குப் பொருந்தாது என்பதால். இது உங்கள் அப்பாவின் வண்டி என்று சொல்ல, அதில் அந்த ஒரு துண்டுதான் இருக்கிறது. மற்றதெல்லாம் 1966இல் வாங்கிய அத்தனை பேரிடமும் இருந்தது. அராவிய தடம் இன்னும் அதில் தெரிகிறதா என்று வெயிலில் வைத்துப் பாருங்கள்.

என் தீர்ப்பு: ஓர் ஆண்டுக்கு இருவரும் தோற்றத்தில் கை வைக்கக் கூடாது. வண்டியை இருக்கிறபடியே ஓடவைத்து, மாறிமாறி ஓட்டுங்கள். அதன்பிறகும் கஃபே ரேசர் ஆசை தணியவில்லையென்றால், ஹேண்டில்பார், இருக்கை, மட்கார்டு மூன்றும் போல்ட்டில் நிற்பவைதான். கழற்றிச் சீட்டு எழுதிக் கட்டி வைத்தால் என்றைக்கும் திரும்ப மாட்டலாம். அறுக்க வேண்டும் என்கிறீர்களே, அந்தப் பின்சட்டத்துக்கும் வழி இருக்கிறது. இந்த மாடலில் சட்டத்தின் முன்பாதியும் பின்பாதியும் தனித்தனி, போல்ட்டால் இணைத்திருப்பார்கள். உதிரியாக வேறொரு பின்பாதியைத் தேடி வாங்கி, அதை எப்படி வேண்டுமானாலும் அறுத்துக்கொள்ளுங்கள். அப்பாவுடையது பரணில் இருக்கட்டும். எஞ்சினிலும் சட்டத்தின் கழுத்திலும் பொறித்திருக்கும் எண்கள்மீது மட்டும் அரமோ சாயம் உரிக்கும் இயந்திரமோ படவே கூடாது. இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் வண்டி பிறந்தபோதிருந்த எஞ்சின் இது என்று பொருள். அழித்தால் அந்தச் சாட்சி போய்விடும்.

ஆர்வத்தில் இன்றே உதைத்துப் பார்க்காதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இரு சிலிண்டர்களிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஒருநாள் ஊறியபின் எஞ்சின் கையால் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றினாலும் அவசரம் வேண்டாம். இந்த எஞ்சினில் கிராங்க் ஷாஃப்டுக்குள் ஒரு குழாய் உண்டு; எண்ணெயின் கசடெல்லாம் சுழலும் வேகத்தில் அதில் போய் அப்பிக்கொள்ளும். அடைத்துவிட்டால் கனெக்டிங் ராடின் பேரிங்குகளுக்கு எண்ணெய் போகாது. சுத்தம் செய்ய எஞ்சினையே பிரிக்க வேண்டும், அலுப்பான வேலைதான். செய்துவிடுங்கள். மெட்ரிக் ஸ்பேனர்கள் இதில் சரியாக உட்காரா, நட்டின் முனைகளை மழித்துவிடும். பழைய பிரிட்டிஷ் அளவு ஸ்பேனர்கள் தனியாக வேண்டும். டயர்கள் எவ்வளவு பளபளத்தாலும் தூக்கி எறியுங்கள்.

இன்னொன்று: இந்த வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். புது வண்டி ஓட்டிப் பழகிய கால், அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிக்கும். ஆளில்லாத மைதானத்தில் சில நாள் பழகிவிட்டுச் சாலைக்கு வாருங்கள். அண்ணனுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள், அவர் கேட்காமலேயே ஏறிவிடக்கூடியவர் போலத் தெரிகிறது.