இங்கிலாந்துக்கு எம்.எஸ்சி. படிக்கப் போகும் தம்பிக்கு: ஆறு வகை அசைன்மென்ட், ஆறு வகை எழுத்து

தம்பி, நீ எழுதியதை முழுக்கப் படித்தேன். சிவில் முடித்துவிட்டு செப்டம்பரில் சுற்றுச்சூழல் பொறியியல் எம்.எஸ்சி.க்குக் கிளம்புகிறாய், கல்விக்கடன் கிடைத்துவிட்டது, விசா வேலை நடக்கிறது. இந்த நேரத்தில் பாடத்திட்டக் கையேட்டைத் திறந்தால் எஸ்ஸே, லேப் ரிப்போர்ட், லிட்டரேச்சர் ரிவ்யூ, கன்சல்டன்சி ரிப்போர்ட், ரிஃப்ளெக்டிவ் ரைட்டிங், டிசர்டேஷன் என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்கள், "எனக்கு இங்கிலீஷ் சுமார்தான் சார், இதையெல்லாம் எப்படி எழுதுவேன்" என்று கேட்கிறாய். அம்மாவும் கடைசியில் தனியாக இரண்டு வரி எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு அப்புறம் வருகிறேன்.

உன் இங்கிலீஷ் போதும். ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் 6.5 வாங்கியவனுக்கு வாக்கியம் எழுதத் தெரியாமல் போகாது. பழக்கம்தான் இடிக்கும். ஒன்றாம் வகுப்பிலிருந்து உன்னைப் பழக்கியது ஒரே ஒரு வேலைக்கு: புத்தகத்தில் இருப்பதை வரி மாறாமல் திருப்பிக் கொடுப்பது. பத்து மார்க் கேள்வியா, நான்கு பக்கம் நிரப்பு, அடிஷனல் ஷீட் வாங்கு, தலைப்புக்கு அடிக்கோடு போடு. அந்த முறையில் நீ நன்றாகவே எழுதி நல்ல மார்க்கும் வாங்கினாய், அதில் உன்மேல் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அங்கே ஒவ்வொரு வகை எழுத்தும் உன்னிடம் வேறு வேறு ஒன்றைக் கேட்கிறது. என்ன கேட்கிறார்கள், யார் படிப்பதாக நினைத்து எழுதச் சொல்கிறார்கள் என்று முதலில் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதைப் பிடிக்காமல் எழுதினால் எவ்வளவு நல்ல இங்கிலீஷாக இருந்தாலும் 50-ஐத் தாண்டுவது கஷ்டம்.

50 என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே எம்.எஸ்சி.யில் பாஸ் மார்க் 50, மெரிட் 60, டிஸ்டிங்ஷன் 70. இங்கே 85 வாங்கிப் பழகியவர்களுக்கு முதல் அசைன்மென்ட்டில் 62 வந்தால் உயிரே போன மாதிரி இருக்கும். அது நல்ல மார்க், வீட்டிலும் இப்போதே சொல்லி வை.

இனி ஒரே விஷயத்தை வைத்து எல்லா வகையையும் பார்ப்போம், அப்போதுதான் வித்தியாசம் புரியும். உனக்குத் தெரிந்ததையே எடுக்கிறேன்: சென்னைக் குடிநீர். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. மீஞ்சூரில் 2010 முதலும் நெம்மேலியில் 2013 முதலும் தினம் 10 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீர் ஆலைகள் இருக்கின்றன, 2024-ல் நெம்மேலியில் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்றும் திறந்தார்கள்.

எஸ்ஸேயில் கேள்வி இப்படி வரலாம்: கடலோர நகரங்களின் வறட்சிக்குக் கடல்நீர் ஆலைதான் தீர்வா? நம் பிள்ளைகள் என்ன செய்வார்கள் தெரியுமா, "நீர் எல்லா உயிர்களுக்கும் இன்றியமையாதது" என்று தொடங்கி, கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. முறை எப்படி வேலை செய்கிறது என்று இரண்டு பக்கம், நன்மைகள் ஐந்து, தீமைகள் ஐந்து, கடைசியில் "ஆகவே இரண்டும் உண்டு" என்று முடிப்பார்கள். ஒரு தகவலும் தப்பாக இருக்காது, மார்க் மட்டும் வராது. எஸ்ஸே கேட்பது உன் தீர்ப்பை. "சென்னைக்கு ஆலைகள் தேவை, ஆனால் ஏரிகளைத் தூர்வாருவதையும் குழாய்க் கசிவை அடைப்பதையும் தள்ளிப்போட்டுவிட்டு ஆலை கட்டினால் அடுத்த வறட்சியில் மின்கட்டணம்தான் மிஞ்சும்" என்று முதல் பத்தியிலேயே சொல். ஒருவர் எழுந்து மறுக்கக்கூடிய வாக்கியமாக அது இருக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு பத்தியும் அதைத் தாங்க வேண்டும். ஒரு கன மீட்டர் கடல்நீரைக் குடிநீராக்க ஏறக்குறைய 3 முதல் 4 யூனிட் மின்சாரம் போகிறது என்ற தகவல் அந்த வாதத்துக்கு உதவினால் உள்ளே வரட்டும், உதவாவிட்டால் எவ்வளவு சிரமப்பட்டுத் தேடியிருந்தாலும் தூக்கிவிடு. எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்றை நீயே எடுத்துவைத்து அதற்குப் பதிலும் சொல். 2,500 வார்த்தை என்றால் 2,500 தான், பெரும்பாலான இடங்களில் 10 சதவீதம் கூடக்குறைய விடுவார்கள், அதற்கு மேல் எழுதினால் வெட்டு விழும். பக்கத்தை நிரப்பும் பழக்கத்துக்கு அங்கே மரியாதை இல்லை.

லேப் ரிப்போர்ட் உனக்குத் தெரிந்த மாதிரி இருக்கும், அதனாலேயே ஏமாறுவாய். இங்கே ரெக்கார்ட் நோட்டில் எய்ம், அப்பாரட்டஸ், ப்ரொசீஜர், டேபுலேஷன், ரிசல்ட் என்று எழுதினாய், அதில் பாதி சீனியரின் நோட்டிலிருந்து வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ஜார் டெஸ்ட்டை எடுத்துக்கொள். கலங்கல் தண்ணீரில் படிகாரத்தை அளவு ஏற்றி ஏற்றிப் போட்டு எந்த அளவில் நன்றாகத் தெளிகிறது என்று பார்த்திருப்பாய். நம் நோட்டில் ரிசல்ட் என்பது "ஆப்டிமம் டோஸ் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்" என்ற ஒற்றை வரி. அங்கே அந்த வரிக்குப் பிறகுதான் ரிப்போர்ட்டே தொடங்குகிறது. ஓர் அளவுக்கு மேல் படிகாரம் போட்டால் தண்ணீர் மறுபடி கலங்குகிறதே, ஏன்? துகள்களின் மின்னேற்றம் எதிர்ப்பக்கமாக மாறி அவை திரும்பவும் ஒன்றையொன்று தள்ளத் தொடங்குகின்றன. உன் அளவீட்டில் அது தெரிந்ததா, எந்த டோஸில், பிஹெச் எவ்வளவு இருந்தது, ஏற்கெனவே வெளியான ஆய்வுகளோடு ஒத்துப்போகிறதா, போகாவிட்டால் கருவியிலா உன் கையிலா தவறு? டிஸ்கஷன் என்ற பகுதியில் இதையெல்லாம் எழுத வேண்டும், மார்க்கில் பெரும்பங்கும் அங்கேதான். ரிசல்ட்ஸ் பகுதியில் எண்ணும் வரைபடமும் மட்டும், விளக்கம் சொல்லாதே. மெத்தட்ஸ் பகுதி, நீ செய்ததைக் கடந்த காலத்தில் சொல்வது, மேனுவலில் இருக்கும் கட்டளைகளை ஒட்டுவது கூடாது. ரீடிங் சொதப்பினால் திருத்தி எழுதாதே தம்பி. சொதப்பிய ரீடிங்கை நேர்மையாகக் காட்டி ஏன் சொதப்பியது என்று விளக்குகிறவனுக்கு மார்க் கிடைக்கும். அப்ஸ்ட்ராக்ட் என்ற சுருக்கம் முதலில் வரும், ஆனால் கடைசியில்தான் எழுத வேண்டும்.

லிட்டரேச்சர் ரிவ்யூவில்தான், அதாவது ஒரு தலைப்பில் ஏற்கெனவே வெளியான ஆய்வுக் கட்டுரைகளை (பேப்பர்களை) அலசி எழுதுவதில்தான், நம் பிள்ளைகள் அதிகமாக விழுகிறார்கள். முதல் பத்தியில் ஒருவர் என்ன சொன்னார், அடுத்த பத்தியில் இன்னொருவர் என்ன சொன்னார் என்று இருபது பேப்பருக்கு இருபது பத்தி எழுதுவார்கள். பட்டியலாகத்தான் அது நிற்கும். ஊர்ப் பஞ்சாயத்தைப் பார்த்திருப்பாய் இல்லையா, யார் யார் ஒரு பக்கம், யார் எதிர்ப்பக்கம், எதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள், எந்தக் கேள்வியை யாருமே எழுப்பவில்லை என்று கேட்டுவிட்டு வருகிறவர் சொல்வாரே, அந்த மாதிரி எழுத வேண்டும். ஆலையிலிருந்து கடலில் விடும் உப்புக்கரைசல் மீன்வளத்தைப் பாதிக்கிறதா என்பது தலைப்பு என்றால், அளந்து பார்த்தவர்கள், மாடல் போட்டுக் கணித்தவர்கள், பாதிப்பு வெளியேற்றும் இடத்துக்கு அருகில் மட்டும்தான் என்கிறவர்கள் என்று கருத்தை வைத்துப் பிரி, ஆளை வைத்துப் பிரிக்காதே. இதற்கு எளிய வழி எக்செல். ஒரு பேப்பருக்கு ஒரு வரி. என்ன கேள்வி, எந்த ஊர், எந்த முறை, என்ன கண்டார்கள், எங்கே பலவீனம் என்று ஐந்து கட்டம். பதினைந்து பேப்பர் ஏறியதும் கட்டங்களை மேலிருந்து கீழாகப் படி, உன் பத்திகள் அங்கேயே தெரியும். பேப்பரை முதல் வரியிலிருந்து படிக்கவும் வேண்டாம். அப்ஸ்ட்ராக்ட், முடிவுரை, படங்கள், இவற்றைப் பார்த்துவிட்டு வேண்டியதாக இருந்தால் மட்டும் உள்ளே போ. கூகுள் ஸ்காலரில் ஒரு நல்ல பழைய பேப்பர் கிடைத்தால், அதை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலையும் அங்கேயே திறக்கலாம், அதன் வழியாகப் புதியவற்றுக்கு வந்துவிடலாம்.

கன்சல்டன்சி ரிப்போர்ட் லேசானது. படிப்பவர் பேராசிரியர் இல்லை, நேரமில்லாத ஓர் அதிகாரி என்று வைத்துக்கொள். முதல் பக்கச் சுருக்கத்திலேயே உன் பரிந்துரை, செலவு, ஆபத்து மூன்றும் வந்துவிட வேண்டும், மீதி எல்லாம் எண்ணிட்ட தலைப்புகளின் கீழ். ரிஃப்ளெக்டிவ் ரைட்டிங் பெரும்பாலும் குரூப் ப்ராஜெக்ட் முடிந்ததும் கேட்பார்கள். அதில் "நான்" என்று எழுதலாம், எழுதவும் வேண்டும். என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாக முடித்துவிட்டு, ஏன் அப்படி நடந்தது, அடுத்த முறை எதை மாற்றுவாய் என்பதற்கு இடம் கொடு. கிப்ஸ் என்பவர் 1988-ல் வகுத்த ஆறு படி முறை ஒன்று உண்டு, பல துறைகள் அதையே பின்பற்றச் சொல்கின்றன. "எங்கள் டீம் மிகச் சிறப்பாகச் செயல்பட்டது" என்று புகழ்ந்து எழுதினால் மார்க் இல்லை.

டிசர்டேஷன், அதாவது எம்.எஸ்சி. ஆய்வேடு பற்றி இப்போது ஒன்றே ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள். மொத்தம் 180 கிரெடிட்டில் அது பெரும்பாலும் 60, அதாவது மூன்றில் ஒரு பங்கு. ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேர உழைப்பு என்பது அங்கே கணக்கு, நீயே பெருக்கிக்கொள். மனிதர்களிடம் தகவல் வாங்குவதாக இருந்தால், உதாரணமாக நெம்மேலி பக்கத்து மீனவர்களிடம் பேட்டி எடுப்பதாக இருந்தால், பல்கலைக்கழகத்தின் எதிக்ஸ் (ஆய்வு நெறி) அனுமதி கைக்கு வந்த பிறகுதான் முதல் கேள்வியைக் கேட்க வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் கூகுள் ஃபார்ம் அனுப்பி இருநூறு பேரிடம் பதில் வாங்கிவிட்டு அனுமதிக்கு அப்புறம் போனால், அத்தனை பதிலையும் பயன்படுத்த முடியாது.

அடுத்தது, காப்பி. பாடப்புத்தக வரியை அப்படியே எழுதியதற்கு இங்கே முழு மார்க் கொடுத்தார்கள், அங்கே அதே செயலுக்கு விசாரணை வரும். இது அந்த நாட்டு வழக்கம் மட்டுமில்லை, நம் யு.ஜி.சி.யே 2018-ல் விதி கொண்டுவந்திருக்கிறது, ஆய்வேட்டில் 60 சதவீதத்துக்கு மேல் ஒத்திருந்தால் பதிவே ரத்து. இங்கே அதை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள், அதுதான் எனக்கு வருத்தம். ஒருவர் கருத்தை எடுத்தால் பெயரும் ஆண்டும் போடு, அவர் வார்த்தைகளையே எடுத்தால் மேற்கோள் குறியும் போடு. வாக்கியத்தில் நாலு சொல்லை மட்டும் மாற்றுவதும் காப்பிதான். படித்துவிட்டு, அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, உன் சொல்லில் எழுது, அப்புறம் திறந்து சரிபார். தமிழில் யோசித்து ஒரு குறிப்பு எழுதிக்கொண்டு பிறகு இங்கிலீஷில் எழுதினாலும் தப்பே இல்லை, அப்படிச் செய்கிறவர்களுக்கு மூலத்தின் வாக்கியம் ஒட்டாது. மேற்கோள் பட்டியலை ஸோட்டெரோ என்ற இலவச மென்பொருள் பார்த்துக்கொள்ளும். மேற்கோள் காட்டும் முறை ஹார்வர்டா, ஏ.பி.ஏ.வா, எது என்று துறையில் கேட்டுக்கொள். உன் எழுத்து மற்றவற்றோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பார்க்கும் டர்ன்இட்டின் மென்பொருள் காட்டும் சதவீதத்தைப் பார்த்து நடுங்காதே, மேற்கோள் பட்டியல்கூட அந்தக் கணக்கில் ஏறலாம், கடைசியில் ஆசிரியர்தான் படித்துப் பார்த்து முடிவு செய்வார். சாட்ஜிபிடி விஷயத்தில் ஒவ்வொரு அசைன்மென்ட்டிலும் எந்த அளவுக்கு அனுமதி என்று போட்டிருப்பார்கள், அதைத் தாண்டாதே. உலகத்திலேயே இல்லாத பேப்பர்களும் அது கொடுக்கும் மேற்கோள்களில் வரும், நீயே திறந்து பார்க்காத எதையும் பட்டியலில் சேர்க்காதே.

அம்மா, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். தெரிந்தவர் ஒருவர், பணம் கட்டினால் அசைன்மென்ட் எழுதித்தர ஆள் இருக்கிறது, பையன் கஷ்டப்பட வேண்டாம் என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். இங்கே ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டைக் கடையில் வாங்குவது சாதாரணமாகிவிட்டதால் இதுவும் அப்படித்தான் என்று தோன்றும். இங்கிலாந்தில் 2022-ல் வந்த சட்டப்படி பணத்துக்கு அசைன்மென்ட் எழுதிக்கொடுப்பதும் அதற்கு விளம்பரம் செய்வதும் குற்றம். வாங்குகிற மாணவன் மேல் அந்தச் சட்டம் பாயாது, ஆனால் பல்கலைக்கழகம் அவனை நீக்கலாம். நீக்கினால் விசாத் துறைக்கும் தெரிவிக்க வேண்டும், விசாவும் அதோடு போகும். எழுதிக்கொடுத்தவனே பிறகு "உன் பல்கலைக்கழகத்துக்குச் சொல்லிவிடுவேன்" என்று மிரட்டிப் பணம் பறிப்பதும் நடக்கிறது. கடனை வாங்கி அனுப்பும் நீங்கள் இந்த ஒன்றுக்கு மட்டும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பையன் 52 வாங்கட்டும், அது அவன் மார்க்.

தம்பி, உதவியே கேட்கக் கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. அங்கே லைப்ரரியில் உன் துறைக்கென்றே ஒருவர் இருப்பார், எழுத்துப் பயிற்சிக்கு ஒரு மையம் இருக்கும், ஆசிரியருக்கு வாரத்தில் இத்தனை மணி என்று சந்திப்பு நேரம் இருக்கும், எல்லாம் நீ கட்டும் ஃபீஸில் அடக்கம். சாரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்காதே. உடம்பு சரியில்லை, வீட்டில் துக்கம் என்றால் கெடு முடிவதற்குள் அதற்கான படிவத்தைக் கொடு, ஒரு நாள் தாமதத்துக்கும் மார்க் குறைப்பார்கள்.

கிளம்புவதற்குள் இரண்டு வேலை செய். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அகடமிக் ஃப்ரேஸ்பேங்க் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒருவரோடு உடன்படுவது, மறுப்பது, வரம்பைச் சொல்வது என்று ஒவ்வொன்றுக்கும் வாக்கிய அமைப்புகள் இருக்கின்றன, தினம் பத்து நிமிடம் படி. அப்புறம் உன் பழைய ஜார் டெஸ்ட் ரெக்கார்டை எடுத்து, அந்த ஒற்றை வரி ரிசல்ட்டுக்குக் கீழே 400 வார்த்தையில் ஒரு டிஸ்கஷன் எழுதி எனக்கு அனுப்பு. இங்கிலீஷைத் திருத்த மாட்டேன், காரணம் சொல்லியிருக்கிறாயா என்று மட்டும் பார்ப்பேன்.