ஒரே மிஷினில் பிளவுஸும் குவில்ட்டும் தைக்க முடியுமா?

கேள்வி: வீட்டிலேயே தைக்கிறேன். ஒரு நாளைக்கு நாலைந்து லைனிங் பிளவுஸ் முடிப்பேன். மோட்டார் மாட்டிய பழைய கறுப்பு மிஷினும் ஓர் ஓவர்லாக்கும் இருக்கின்றன. திருப்பூர் கட்பீஸ் துணியில் குழந்தைகளுக்குக் குவில்ட் போர்வை தைத்துக் கொடுக்கிறேன். இப்போது கட்டில் அளவிலும் கேட்கிறார்கள். 50,000 ரூபாய் வரை போடலாம். கடைக்காரர் 200 வகைத் தையல் போடும் கம்ப்யூட்டர் மிஷினைக் காட்டுகிறார். வாங்கலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம். அந்த 200 தையலில் உங்கள் தொழிலுக்குத் தினமும் உதவப்போவது நேர்த்தையல் ஒன்றுதான். சேலைக்குப் பீக்கோ அடித்துக் கொடுப்பதானால் ஜிக்ஜாக் வேண்டும். கடிதத்தில் அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஜிக்ஜாக் போடும் மிஷினில் ஊசி இடம் வலமாக ஆட வேண்டும் என்பதால் தட்டில் உள்ள துளையும் அகலமாக இருக்கும். மெல்லிய துணியின் முனையை அதில் வைத்து ஆரம்பித்தால் ஊசி துணியையே துளைக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். சின்னச் சின்னத் துண்டுகளாக நூறு முறை தையல் ஆரம்பிக்கும் குவில்ட் வேலையில் இதைவிட எரிச்சல் வேறில்லை.

குவில்ட் என்பது இரண்டு தனித்தனி வேலை. துண்டுகளை இணைப்பது ஒன்று. நடுவில் பஞ்சு ஷீட் வைத்து மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பது மற்றொன்று. முதல் வேலையும் பிளவுஸும் ஒரே ஜாதி: துல்லியமான நேர்த்தையல், வேகம், நாள் முழுக்க ஓடும் உழைப்பு. இதற்கு டைரக்ட் டிரைவ் மோட்டார் (பெல்ட் இல்லாமல் மிஷினை நேரடியாகச் சுழற்றுவது) வைத்த சிங்கிள் நீடில் பவர் மிஷின், அதாவது கம்பெனிகளில் ஓடும் ஒற்றை ஊசி மிஷின், வாங்குங்கள். மேசையோடு சேர்த்து உங்கள் தொகைக்குள் வந்துவிடும். கறுப்பு மிஷினை விற்காதீர்கள். அதற்கு வேலை இருக்கிறது.

பவர் மிஷின் நிமிடத்துக்கு 4,000, 5,000 தையல் போடும் என்று பயப்பட வேண்டாம். டைரக்ட் டிரைவில் உச்ச வேகத்தைப் பேனலிலேயே குறைக்கலாம். முதல் மாதம் 2,000-ல் வைத்துக்கொள்ளுங்கள். காலை எடுத்ததும் ஊசி துணிக்குள்ளேயே நிற்கும்படி அமைக்கும் வசதி கட்டாயம் இருக்கட்டும். கழுத்து வளைவிலும் குவில்ட் மூலையிலும் துணியைத் திருப்பும்போது அதன் அருமை தெரியும். நூலைத் தானே வெட்டும் மாடல் உங்கள் அளவு வேலைக்குத் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. ‘ஹெவி’ மாடல் போர்வைக்கு நல்லது என்று சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். துணியைக் கீழிருந்து நகர்த்தும் அதன் பல் முரடு, பட்டில் தடம் விழும். மெல்லிய துணியில் தையல் விட்டுப் போகும். லைட்–மீடியம் துணிக்கான மிஷின் தலையே போதும்.

பழைய பவர் மிஷின் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் மோட்டாரில் உள்ள விவரத் தகட்டைப் படியுங்கள். கம்பெனியிலிருந்து கழித்த மிஷின்களில் த்ரீ ஃபேஸ் மோட்டார் இருக்கலாம்; வீட்டு சிங்கிள் ஃபேஸில் அது ஓடாது. கிளட்ச் மோட்டாரானால் நீங்கள் தைக்காமல் துணி மடிக்கும்போதும் சுற்றிக்கொண்டே மின்சாரம் இழுக்கும். ஊசிக் கம்பியை விரலால் பிடித்து ஆட்டுங்கள், தளர்வு தெரிந்தால் தேய்மானம். அடியில் சுழன்று மேல்நூலைப் பிடிக்கும் ஹுக்கின் முனையை நகத்தால் தடவினால் வழுவழுப்பாக இருக்க வேண்டும். சொரசொரத்தால் மேல்நூல் அறுந்துகொண்டே இருக்கும்.

கடைக்குப் போகும்போது துணி உங்களுடையதாக இருக்கட்டும். கடைக்காரர் கொடுக்கும் மொறமொறப்பான துண்டில் எந்த மிஷினும் அழகாகத்தான் தைக்கும். பாப்ளின் துணியில் 50 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலத்தில் இரண்டு பட்டை வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இழுக்காமல், சும்மா வழிகாட்டி மட்டும் தைத்துப் பாருங்கள். கீழே பல் இழுக்கிறது, மேலே துணியை அழுத்தும் பாதம் பிடித்து நிறுத்துகிறது; அதனால் முடிவில் மேல் பட்டை நீண்டு நிற்கும். 1, 2 மி.மீ. என்றால் சரி. அதற்கு மேல் போனால் பாதத்தின் அழுத்தத் திருகைத் தளர்த்தச் சொல்லி மறுபடி தையுங்கள். அப்படியும் 4, 5 மி.மீ. நீண்டால் அந்த மிஷின் வேண்டாம். பிறகு பைப்பிங் வைத்த பிளவுஸ் தோள் சேரும் இடத்தைப் போல ஏழெட்டு மடிப்பு வைத்து ஏற்றுங்கள். மேட்டில் ஏறும்போது தையல் குட்டையாகிறதா என்று பாருங்கள்.

வாங்கியதும் 1/4 அங்குல கைடு பாதம் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள், விலை அதிகமில்லை. குவில்ட் தையல் விளிம்பிலிருந்து 6 மி.மீ. சொச்சம். தையல் 1 மி.மீ. உள்ளே போனால் இரண்டு துண்டிலுமாக 2 மி.மீ. காணாமல் போகும், எட்டுத் தையல் உள்ள கட்டத்தில் 16 மி.மீ. அப்புறம் பக்கத்துக் கட்டத்தோடு மூலை எப்படிச் சேரும்? தையல் நீளம் 2 முதல் 2.5 மி.மீ., காட்டனுக்கு 14-ஆம் நம்பர் ஊசி, பட்டுக்கு 11. பவர் மிஷின் ஊசியின் தண்டு உருண்டை. கறுப்பு மிஷினின் ஊசி ஒரு பக்கம் தட்டை. இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். ஆயில் தொட்டி உள்ள மாடலானால் மேலே உள்ள கண்ணாடியில் ஆயில் தெறிப்பது தெரிய வேண்டும். தினமும் முதலில் கழிவுத் துணியில் ஓட்டிவிட்டுப் பட்டுத் துணியைத் தொடுங்கள்.

இனி மூன்று அடுக்குத் தையல். நேர்க்கோடுகளாகப் போடுவதென்றால் பவர் மிஷினிலேயே செய்யலாம்: தையல் நீளம் 3 மி.மீ., பாத அழுத்தம் குறைவு, நாலு விரற்கடைக்கு ஒரு சேஃப்டி பின். வளைவுக் கோலம் போட வேண்டுமானால் பல் கீழே இறங்க வேண்டும்; சாதாரணப் பவர் மிஷினில் அந்த வசதி இல்லை. கறுப்பு மிஷினின் வேலை இங்கேதான். மிஷின் எம்பிராய்டரிக்குப் பல்லை இறக்கி, வளையம் மாட்டித் துணியைக் கையால் ஓட்டுவார்களே, அதே கைப்பழக்கம்தான் இது. பல்லை இறக்கும் திருகு உங்கள் மிஷினில் இல்லையென்றால் தையல் நீளத்தைப் பூஜ்யத்தில் வைத்து, பல்லை மூடும் தட்டைத் திருகிக்கொள்ளுங்கள். துணியைக் கையால் எந்தப் பக்கமும் நகர்த்த விடும், ஸ்பிரிங் வைத்த டார்னிங் பாதம் மாட்டுங்கள்.

சிக்கல் கட்டில் அளவில் வரும். 60 அங்குல அகலப் போர்வையை நடுவிலிருந்து தைக்கும்போது 30 அங்குலம் சுருண்டு மிஷின் கைக்குள் நுழைய வேண்டும். இறுக்கிச் சுருட்டினாலும் நாலைந்து அங்குலத் தடிமன். ஊசியிலிருந்து தூண் வரை அளந்து பாருங்கள். கறுப்பு மிஷினில் ஆறரை, ஏழு அங்குலம்தான் இருக்கும். துணியை நகர்த்த மிஞ்சுவது இரண்டு அங்குலம். எனவே 15 அங்குலக் கட்டங்களாகப் பஞ்சோடு தைத்து முடித்து, பிறகு கட்டங்களை இணையுங்கள். மிஷினுக்கு இடப்புறமும் பின்னாலும் அதே உயரத்தில் மேசை போடுங்கள். போர்வை தொங்கினால் அதன் கனம் ஊசியை வளைக்கும், ஊசி தட்டில் இடித்து முறியும். ஊசியைக் குறை சொல்லிப் பயனில்லை.

நீங்கள் கேட்ட ‘ஒரே மிஷின்’ என்பதற்கு மிக நெருங்கி வருவது ஜூகி டிஎல்-2010கியூ போன்ற வகை: நேர்த்தையல் மட்டும், நிமிடத்துக்கு 1,500 தையல், பல் இறங்கும், கைக்குள் சுமார் எட்டரை அங்குலம். ஆனால் விலை உங்கள் தொகையைத் தாண்டும். கட்டில் அளவு ஆர்டர் மாதம் மூன்று நான்கு என்று நிலைத்த பிறகு அதை யோசிக்கலாம்.