நிலா வெளிச்சத்தில் ஃபிளாட் ஏன் காலை வாருகிறது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமாவாசையை ஒட்டி ரோசெட் நெபுலா என்ற வாயு மேகத்தைப் படமெடுத்தேன், படம் சுத்தமாக வந்தது. பௌர்ணமிக்கு மூன்று நாள் இருக்கும்போது அதையே திரும்ப எடுத்தேன். அதே டெலஸ்கோப், அதே கூலிங் கேமரா, நடுவில் கழற்றவே இல்லை, அதனால் பழைய ஃபிளாட்டையே (சீரான வெளிச்சத்தைப் படமெடுத்து வைத்தது, மூலை மங்கலையும் தூசி நிழலையும் போக்க இதனால் வகுப்போம்) போட்டேன். இப்போது நடுப்பகுதி வெளுத்து, நான்கு மூலையும் இருண்டு கிடக்கிறது. டார்க் (அதே எக்ஸ்போஷரில் மூடி போட்டு எடுத்துக் கழிப்பது) உண்டு, ஃபிளாட் உண்டு, பயஸ் (மூடி போட்டு மிகக் குறைந்த எக்ஸ்போஷரில் எடுப்பது) மட்டும் எடுக்கும் பழக்கம் இல்லை. ஃபிளாட் பழசாகிவிட்டதா, இல்லை நிலா இருந்தால் இப்படித்தான் ஆகுமா?

பதில்: ஃபிளாட் பழசாகவில்லை. கடைசியில் போகிற போக்கில் சொன்னீர்களே, பயஸ் எடுப்பதில்லை என்று, கோளாறு அங்கேதான் இருக்கிறது. அமாவாசைப் படத்திலும் இதே தப்பு இருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மூடி போட்ட கேமராகூட பூஜ்யம் காட்டாது. ஆஃப்செட் என்று ஒரு எண்ணை எல்லாப் பிக்சலிலும் கூட்டித்தான் கொடுக்கும். அதை 500 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் டெலஸ்கோப்பில் நடுவில் விழும் ஒளியில் 70 சதவீதம்தான் மூலைக்குப் போகிறது என்போம். ஃபிளாட்டில் உண்மையான ஒளி நடுவில் 30000, மூலையில் 21000. ஆனால் ஆஃப்செட்டைக் கழிக்காததால் ஃபைலில் இருப்பது 30500, 21500. வகுத்துப் பார்த்தால் 0.70 வர வேண்டிய இடத்தில் 0.705 வருகிறது. இம்மாத்திரம் வித்தியாசத்தில் என்ன கெட்டுவிடும் என்றுதான் தோன்றும்.

சரி, இதை லைட் ஃப்ரேமில், அதாவது வானத்தை எடுத்த படத்தில், போட்டுப் பார்ப்போம். டார்க் கழித்த பிறகு (அதோடு ஆஃப்செட்டும் போய்விடும்) அமாவாசை வானம் நடுவில் 400, மூலையில் 280. 280-ஐ 0.705 ஆல் வகுத்தால் 397, அதாவது மூலை 3 குறைகிறது, நாய்ஸுக்குள் ஒளிந்துகொள்ளும். நிலா வந்து வானம் பத்து மடங்கு வெளுத்தால் நடுவில் 4000, மூலையில் 2800. அதே வகுத்தல் இப்போது 3972 தருகிறது, மூலை 28 குறைகிறது. நெபுலாவின் மங்கலான ஓரங்கள் வானத்துக்கு மேல் தரும் ஒளியே அவ்வளவு இருக்காது. அதைப் பார்க்க ஸ்ட்ரெட்ச் செய்கிறீர்கள், அதாவது மங்கலான பகுதிகளை வெளுக்கவைக்கிறீர்கள், கூடவே மூலையின் இருட்டும் மேலே வந்துவிடுகிறது. ஃபிளாட்டில் ஒரு சிறு சதவீதம் தப்பிருந்தால் அது வானத்தின் வெளிச்சத்தோடு சேர்ந்து வளரும். நிலா புதிதாக எந்தத் தப்பையும் உண்டாக்கவில்லை, இருந்ததைப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

ஃபிளாட்டைத் திரும்ப எடுக்கத் தேவையில்லை. கூலிங் கேமரா என்பதால் ஃபிளாட் எடுத்த அதே எக்ஸ்போஷர், அதே கெயின் (சென்சார் சிக்னலைப் பெருக்கும் அளவு), அதே ஆஃப்செட், அதே வெப்பநிலையில் மூடியைப் போட்டு இருபது முப்பது ஃப்ரேம் இப்போதே எடுங்கள். இதுதான் டார்க்-ஃபிளாட். பயஸுக்குப் பதிலாக நான் இதைச் சொல்வதற்குக் காரணம், சில சிமாஸ் சென்சார்கள் மிகக் குறைந்த எக்ஸ்போஷரில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. அப்புறம் பழைய ஃபிளாட்டிலிருந்து இதைக் கழித்து, மறுபடி காலிபரேட் செய்யுங்கள், அதாவது டார்க்கும் ஃபிளாட்டும் போட்டுப் படத்தைச் சரிசெய்யுங்கள்.

மூலை இருண்டால் இது. மூலை வெளுத்தால் கதை வேறு, பெரும்பாலும் லைட் ஃப்ரேமில் டார்க் சரியாகக் கழியவில்லை என்று அர்த்தம். ஆஃப்செட் வேறாக இருந்தபோது எடுத்த டார்க்கைப் போட்டாலும் இது நடக்கும். மேலே சொன்ன அதே கணக்கில் 500 கழியாமல் போனால், மூலை நடுவைவிட 214 கூடி நிற்கும். கவனியுங்கள், இந்த 214 இருண்ட இரவிலும் அதேதான், நிலா இரவிலும் அதேதான். ஆகவே வானத்தோடு சேர்ந்து தப்பு வளர்ந்தால் ஃபிளாட்டைப் பாருங்கள், வளராமல் ஒரே எண்ணாக நின்றால் டார்க்கைப் பாருங்கள். ஸ்ட்ரெட்ச் செய்த படத்தை வைத்துக்கொண்டு இதைத் தீர்மானிக்க முடியாது, மௌஸை மூலையில் வைத்து எண்ணைப் படியுங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது, வானமே தேவையில்லை. ஒரு ஃபிளாட் தொகுதியை 10000 அளவிலும் இன்னொன்றை 40000 அளவிலும் எடுத்து, இரண்டுக்கும் அதனதன் டார்க்-ஃபிளாட்டைக் கழித்து, ஒன்றை மற்றதால் வகுங்கள். மூலைக்கு மூலை ஒரே எண் வந்தால் கழித்தல் சரி. ஆஃப்செட் 500-ஐக் கழிக்காமல் விட்டால் மேலே சொன்ன டெலஸ்கோப்பில் மூலையில் ஒன்றரை சதவீதம் தள்ளி நிற்கும், தப்பவே தப்பாது.

கேள்வி: என்னுடையது நியூட்டோனியன், கண்ணாடியால் ஒளியைச் சேர்க்கும் டெலஸ்கோப். காலிபரேஷன் எல்லாம் முறைப்படிதான் செய்கிறேன். நிலா இருக்கும் இரவுகளில் மட்டும் ஒரு பக்கம் வில் போல வெளிச்சம் வருகிறது. மெரிடியன் ஃபிளிப்புக்குப் பிறகு (பொருள் வானின் வடக்கு-தெற்கு நடுக்கோட்டைத் தாண்டும்போது டெலஸ்கோப்பை மறுபக்கம் திருப்புவது) அது எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. எந்த ஃபிளாட் போட்டாலும் அசையவில்லை.

பதில்: ஃபிளிப்பைக் கவனித்தீர்களே, பாதி வேலை முடிந்தது. ஃபிளாட் தப்பாக இருந்தால் அந்தக் கறை சென்சாரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், ஃபிளிப் ஆனாலும் ஃப்ரேமில் அதே மூலையில்தான் இருக்கும். உங்களுடையது இடம் மாறுகிறது, அப்படியானால் வெளியிலிருந்து வருகிறது. விண்மீன்களுக்கிடையே நிலா மணிக்கு அரை டிகிரிதான் நகரும் என்பதால், டெலஸ்கோப் வானத்தைப் பின்தொடரும் டிராக்கிங் ஓடும்போது குழாயின் ஒரே பக்கத்தில்தான் நிலா அடித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் மணிக்கணக்கில் அந்த வில் அசையாமல் நின்று, பார்ப்பவரை ஃபிளாட் தப்பு என்று நம்பவைக்கிறது. ஃபிளிப் ஆனதும் குழாயின் மறுபக்கம் நிலாவுக்கு முகம் காட்டுகிறது.

இப்படிச் சிதறி வரும் ஒளி லென்ஸ், கண்ணாடி வழியாக ஒழுங்காக வந்து மூலையில் மங்கியது அல்ல, குறுக்கே வந்து மேலே கூடியது. அதை ஃபிளாட்டால் வகுத்தால் மூலையில் இன்னும் பெருகும். ஆகவே ஃபிளாட்டைக் குறை சொல்லி மாற்றி மாற்றி எடுப்பதில் பலனில்லை, வழியை அடைக்க வேண்டும்.

நானும் இதே போல மூன்று இரவுகளை இழந்தேன். ஒருநாள் இருட்டறையில் முன்மூடியைப் போட்டு, ஒரு நிமிட எக்ஸ்போஷர் ஓடவிட்டு, டார்ச்சைக் குழாயைச் சுற்றிக் காட்டினேன். ஃபோகஸர் பக்கம் ஒன்றும் இல்லை. பின்பக்கம் காட்டிய ஃப்ரேமில் பளிச்சென்று ஒரு வில் விழுந்தது. குழாயின் அடியிலுள்ள பெரிய கண்ணாடிக்கும் (பிரைமரி) குழாய்ச் சுவருக்கும் நடுவே விரல் நுழையாத ஒரு வட்ட இடைவெளி, அதன் வழியாகத்தான் ஒளி நேராக உள்ளே போயிருக்கிறது. கறுப்புத் துணியில் ஒரு உறை தைத்துப் பின்பக்கம் மாட்டினேன், போய்விட்டது. கண்ணாடியைக் குளிர்விக்க ஃபேன் இருந்தால் காற்றுக்கு வழி விட்டு மூடுங்கள். முன்பக்கம் குழாயின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது நீளமுள்ள டியூ ஷீல்டு (பனி படியாமல் தடுக்கும் முன்குழாய்) போடுங்கள், உள்ளே கறுப்பு வெல்வெட் ஒட்டினால் இன்னும் நல்லது.

கேள்வி: நிலாவின் கிரேடியன்ட்டை (படத்தில் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் மாறிப்போகும் வெளிச்சம்) ஃபிளாட் போடுவதற்கு முன்னால் நீக்குவதா, பின்னாலா?

பதில்: பின்னால்தான், இதில் இரண்டு பேச்சே இல்லை. கிரேடியன்ட் மேலே கூடிய ஒளி, அதைக் கழிக்க வேண்டும். ஆனால் விக்னெட்டிங், அதாவது மூலை மங்கல், அந்தக் கிரேடியன்ட்டையும் சேர்த்து மங்கவைத்திருக்கிறது, எனவே முதலில் வகுத்து அதைச் சரிசெய்த பிறகே கழித்தல். சிரில் என்ற வானப்பட மென்பொருளைப் பயன்படுத்தினால், காலிபரேட் ஆன ஒவ்வொரு ஃப்ரேமிலும் முதல்படி அளவில் மட்டும், அதாவது சாய்தளமாக மட்டும் நீக்கிவிட்டு ஸ்டாக் செய்யுங்கள், அதாவது எல்லா ஃப்ரேமையும் ஒன்றாகச் சேருங்கள். தனி ஃப்ரேமில் கிரேடியன்ட் பெரும்பாலும் எளிய சாய்வுதான். ஃபிளிப்புக்கு முன்னும் பின்னும் எடுத்ததையோ பல இரவுகளில் எடுத்ததையோ ஒன்றாகச் சேர்த்த பிறகுதான் அது முறுக்கிக்கொண்டு பிடிபடாமல் போகும். கலர் காலிபரேஷன் இதற்கெல்லாம் அப்புறம். நிலா வானம் நீலம் தூக்கலாக இருக்கும், அதை வைத்துக்கொண்டு கலரைச் சரிசெய்யப் போனால் படம் முழுக்கக் கெடும்.

கேள்வி: நிலா வெளிச்சத்தில் வானமே வெள்ளையாக இருக்கிறதே, அதையே ஃபிளாட்டாக எடுத்தால் என்ன?

பதில்: வேண்டாம். அந்த வானத்தில்தான் கிரேடியன்ட் இருக்கிறது. ஃபிளாட்டில் அது ஏறிவிட்டால் உங்கள் எல்லாப் படத்திலும் எதிர்ப்பக்கமாகப் பதியும். எல்இடி பேனலோ, சூரியன் மறைந்ததும் உச்சிக்குக் கிட்டத்தட்ட உள்ள வானமோ போதும். ஃபோகஸை மட்டும் தொடாதீர்கள். தூசி வட்டங்கள் ஒரு பக்கம் கறுத்து மறுபக்கம் வெளுத்து, நாணயத்தைப் பொறித்தது போலத் தெரிந்தால் ஃபிளாட்டுக்கும் லைட்டுக்கும் நடுவில் ஏதோ நகர்ந்திருக்கிறது, அந்த ஃபிளாட்டை விட்டுவிட்டுப் புதிதாக எடுங்கள்.