கைக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது

அன்புள்ள அக்கா,

நான் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐசியூ சிஸ்டர். ஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளமோ முடித்து, இடையில் டிப்ளமோ முடித்தவர்களுக்கான போஸ்ட் பேசிக் பிஎஸ்சி பட்டமும் படித்தேன். வேலைக்கு வந்து 14 வருடம் ஆகிறது. போஸ்டிங் வரும் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுப்பது ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆசிரியர் ஆகலாமா என்று ஆசை. அதற்கு எம்எஸ்சி வேண்டும் என்கிறார்கள். "உனக்குத் தெரியாததையா அங்கே சொல்லித்தரப் போகிறார்கள்? ரெண்டு வருஷச் சம்பளம்தான் போகும்" என்கிறார் கணவர். 38 வயதில் இது தேவையா? வேலையை விடாமல் தபாலில் படிக்க முடியாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தபால் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். தொலைநிலைக் கல்வியில் வாங்கும் எம்எஸ்சி நர்சிங்கை இந்திய நர்சிங் கவுன்சில் ஏற்பதில்லை. இரண்டு வருடம் முழுநேரமாகப் போய்த்தான் ஆகவேண்டும். "வராமலே பாஸ் பண்ணலாம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே தலைவைக்காதீர்கள். தகுதி என்று பார்த்தால் போஸ்ட் பேசிக்கில் 55 சதவீதமும் ஒரு வருட அனுபவமும் கேட்பார்கள். உங்களுக்கு அனுபவத்தில் குறையில்லை, மார்க் ஷீட்டை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

உங்கள் கணவர் கேட்டிருப்பது நல்ல கேள்வி. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

குழந்தைகள் வார்டில் பத்து வருடம் இருந்தேன். பேதியாகி வற்றிப்போய் வரும் குழந்தைக்கும் பெரும்பாலும் ஒரே குத்தில் வென்ஃப்ளான் போட்டுவிடுவேன். மருந்து ஏற்றுவதற்காக ஊசியோடு சேர்த்து வெயினில் செருகும் மெல்லிய குழாய்தான் அது. மாணவிகள் கேட்டால், "தடவிப் பாரு, தெரியும். ரத்தம் வந்ததும் உள்ளே தள்ளு" என்பேன். ஒரு பெண் மூன்று நாளாக முயன்றும் அவளுக்கு வரவில்லை. ரத்தம் தெரியும், தள்ளுவாள், புஸ்ஸென்று வீங்கிவிடும். மூன்றாவது நாள் குழந்தையின் அம்மா முன்னாலேயே அவளைத் திட்டிவிட்டேன். அவள் டிரேயை எடுத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அப்புறம் எம்எஸ்சி முதல் வருடம். ஏதாவது ஒரு கைவேலையைப் படிப்படியாக எழுதி வரச் சொன்னார்கள். நான் வென்ஃப்ளானை எழுதினேன். மேடம் அதை வாங்கி, எழுதியிருந்ததை மட்டும் அப்படியே ரப்பர் கையில் செய்தார்கள். குழாய் ஏறவில்லை. "நீ செய், உன் கையைப் பார்த்துக்கொண்டே செய்" என்றார்கள். அன்றுதான் கவனித்தேன். ரத்தம் தெரிந்ததும் நான் தள்ளுவதே இல்லை. ஊசியைக் கொஞ்சம் தாழ்த்தி, இம்மியளவு முன்னே நகர்த்திவிட்டு, அதற்கப்புறம்தான் குழாயை வழுக்கிவிடுகிறேன். ஊசியின் முனை குழாயைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் இல்லையா? ரத்தம் தெரியும் நொடியில் முனை மட்டும்தான் வெயினுக்குள் இருக்கிறது, குழாய் இன்னும் வெளியே நிற்கிறது. பத்து வருடமாக என் கைக்குத் தெரிந்திருந்த இதை நான் ஒருத்திக்கும் சொன்னதில்லை. அந்தப் பெண் நான் சொன்னபடியேதான் செய்திருக்கிறாள்.

அமெரிக்க நர்சிங் பேராசிரியர் பெட்ரிசியா பென்னர் 1984-இல், நர்ஸ் ஒருவர் புதியவராகத் தொடங்கி நிபுணர் ஆவதை ஐந்து படிகளாக விளக்கினார். மேல்படிக்குப் போனவர் விதிகளை யோசித்துச் செய்வதில்லை, பார்த்ததும் பிடிபட்டுவிடும். பழக்கமில்லாத இடத்துக்குப் போனால் அதே நிபுணர் மறுபடி புதியவர்தான் என்றும் அவர் சொன்னார். பேஷண்டின் நிலை மோசமாகப்போகிறது என்பது மானிட்டர் அலறுவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். எப்படித் தெரிந்தது என்று 19 வயதுப் பெண் கேட்டால் என்ன சொல்வீர்கள்? அதற்குத்தான் இந்தப் படிப்பு.

முதல் வருடத்தில் நர்சிங் கல்விக்கு என்றே 150 மணி நேரம் வகுப்பு, 150 மணி நேரம் செய்முறை. பாடத்திட்டம் எழுதுவது, கேள்வித்தாள் அமைப்பது, மாணவியின் செயலை எதை வைத்து மதிப்பிடுவது எல்லாம் அதில் வரும். இரண்டாம் வருடம் ஆய்வேடு. வார்டை விட்டுவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். சிறப்புப் பாடத்துக்கு மட்டும் இரண்டு வருடத்திலும் சேர்த்து 1,600 மணி நேரம் களப்பணி இருக்கிறது.

சம்பளம் போவது உண்மைதான். நான் சங்கிலியை அடகுவைத்துத்தான் படித்தேன், மீட்க மூன்று வருடம் ஆனது. ஆசிரியராகச் சேரும்போது சில கல்லூரிகளில் உங்கள் இப்போதைய சம்பளத்தைவிடக் குறைவாகவும் தரலாம். சேருவதற்கு முன்பே இதைக் கணவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடுங்கள். வயதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். வார்டில் சேர்ந்தாற்போல் ஒரு வருடம்கூட நின்றிராதவர்கள் பாடம் எடுக்கும் வகுப்புகளை நான் பார்த்திருக்கிறேன். 14 வருட ஐசியூ அனுபவத்தோடு ஒருவர் வகுப்புக்குள் வந்தால் அந்தப் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள்.

விண்ணப்பம் போடும் முன் ஒன்று செய்யுங்கள். அடுத்த நைட் டியூட்டியில் பேஷண்டின் சளியை உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் போட்டு முடித்ததும், உங்கள் கை என்னென்ன செய்தது என்பதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். மறுநாள் ஒரு மாணவியிடம் கொடுத்து, அதில் இருப்பதை மட்டும் பொம்மையில் செய்யச் சொல்லுங்கள். எங்கே நிற்கிறாள் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா