யாருடைய பொழுது போனது?

கேள்வி: 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பணக்காரச் சீமாட்டிகள் தேசபக்திச் சங்கங்கள் நடத்தினார்கள். 'அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்' சங்கம் ஓர் உதாரணம். பூர்வீகப் பெருமை, தேநீர், பதக்கம் என்று போன அந்தக் கூட்டங்கள் வெறும் பொழுதுபோக்குதானே? பிற்காலத்தில் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்கு அரங்கம் தர மறுத்ததும் இதே சங்கம்தானே?
– கல்லூரி மாணவர் ஒருவர், திருச்சி

பதில்: உங்கள் கேள்வியில் ஒரு சொல் எனக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. பொழுதுபோக்கு. ஆண்கள் நாலு பேர் சேர்ந்து சங்கம் வைத்தால் பொதுப்பணி, பெண்கள் வைத்தால் பொழுதுபோக்கு. இந்தக் கணக்கோடு இந்தப் பக்கத்தில் பல தடவை சண்டை போட்டிருக்கிறேன். இன்றும் போடுகிறேன். அந்தப் பெண்களில் யாருக்குப் போக்குவதற்குப் பொழுது இருந்தது என்று முதலில் பார்த்துவிடலாம்.

நீங்கள் சொல்லும் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் எலன் ஹார்டின் வால்வொர்த். 1832-ல் இல்லினாய் மாநிலம் ஜாக்சன்வில்லில் பிறந்தவர். அப்பா ஜான் ஹார்டின் நாடாளுமன்ற உறுப்பினர். அதே வட்டாரத்தில் அரசியல் செய்துகொண்டிருந்த ஆபிரகாம் லிங்கனுக்கு நண்பர், போட்டியாளரும்கூட. 1847-ல் மெக்சிகோ போரில் புவேனா விஸ்டா சண்டையில் குண்டடிபட்டு இறந்தார். எலனுக்கு அப்போது 14 வயது. அம்மா மறுமணம் செய்துகொண்டார். மாப்பிள்ளை ரூபன் ஹைட் வால்வொர்த், நியூயார்க் மாநிலத்தில் சான்சலர் என்ற உயர் நீதிபதி பதவியைக் கடைசியாக வகித்தவர். குடும்பம் சரடோகா ஸ்பிரிங்ஸுக்குப் போனது. கோடை வந்தால் பணக்காரர்கள் ஊற்றுத் தண்ணீர் குடிக்க வந்து குவிகிற ஊர். சீமாட்டியாக வாழ்வதற்கு அதைவிடத் தோதான ஊர் கிடைப்பது கஷ்டம்.

1852-ல் சான்சலரின் மகன் மான்ஸ்ஃபீல்ட் டிரேசி வால்வொர்த்தை எலன் கல்யாணம் செய்துகொண்டார். அவர் நாவல் எழுதுகிறவர். வீட்டில் கை நீட்டுகிறவர். பிள்ளைகள் அடுத்தடுத்துப் பிறந்தார்கள், அடியும் நிற்கவில்லை. 1871-ல் எலன் சட்டப்படி பிரிந்தார். அதற்கப்புறம் கடிதங்கள் வர ஆரம்பித்தன. கொன்றுவிடுவேன் என்று மிரட்டுகிற கடிதங்கள். மகன் ஃபிராங்க் அவற்றை அம்மா கைக்குப் போகவிடாமல் தானே வாங்கிப் படித்தான். 1873 ஜூன் 3-ஆம் தேதி காலை, நியூயார்க்கில் ஸ்டர்டிவன்ட் ஹவுஸ் என்ற ஓட்டலில் தன் அறைக்கு அப்பாவை வரவழைத்துச் சுட்டுக் கொன்றான். நேராகப் போய்ச் சரணடைந்தான். அவனுக்கு 19 வயது.

வழக்கு விசாரணையில் அந்தக் கடிதங்களைப் படித்துக் காட்டினார்கள். பத்திரிகைகள் அச்சடித்தன. ஒரு பெண் இருபது வருஷம் வீட்டுக்குள் மறைத்து வைத்திருந்ததை ஊரே காலைக் காப்பியோடு படித்தது. அவமானம்தான். ஆனால் அந்தக் காகிதங்களை அவர்கள் கிழித்துப் போட்டிருந்தால் ஃபிராங்குக்காகப் பேச என்ன மிஞ்சியிருக்கும்? தூக்குக் கயிறு வரவில்லை, ஆயுள் தண்டனை வந்தது. எலன் சட்டப் புத்தகங்களோடு உட்கார்ந்தார், மனுப் போட்டார், அலைந்தார். 1877-ல் ஆளுநர் மன்னித்து விடுதலை செய்தார். எலன் ஹார்டின் வால்வொர்த்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கொலையை ஒரு பக்கமும் சங்கத்தை இன்னொரு பக்கமும் வைத்துவிடுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. பத்திரப்படுத்தி வைத்த ஒரு காகிதம் என்ன செய்யும் என்பதை இந்த அம்மாள் நீதிமன்றத்தில் தெரிந்துகொண்டவர். பின்னால் அவர் செய்த எல்லாவற்றிலும் எனக்கு அந்த நீதிமன்றம் தெரிகிறது.

இதற்கிடையில் சாப்பாட்டுக்கு வழி வேண்டுமே. சரடோகாவில் குடும்பம் இருந்த வீடு பெரிய வீடு. மாமனார் அதில் ஓர் அறையில் நீதிமன்றமே நடத்தியிருக்கிறார். அந்த வீட்டில் எலன் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தினார், கோடையில் விருந்தினர்களுக்கு அறை வாடகைக்கு விட்டார். 1880-ல் ஊர்ப் பள்ளிக் குழுவுக்குத் தேர்தலில் ஜெயித்தார். பின்னாளில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முறையாகச் சட்டமும் படித்தார்.

அப்புறம் போர்க்களம். அமெரிக்க விடுதலைப் போரில், 1777-ல், சரடோகாவில்தான் பிரிட்டிஷ் தளபதி பர்காயின் சரணடைந்தார். அதைப் பார்த்துத்தான் பிரான்ஸ் துணிந்து அமெரிக்கா பக்கம் வந்தது. நூறு வருஷத்தில் அந்த இடம் மறுபடி சோளக்காடும் மேய்ச்சலுமாக ஆகிவிட்டது. அங்கே நினைவுத்தூண் எழுப்ப ஒரு சங்கம் இருந்தது. எலன் அதில் அறங்காவலராகி, எங்கே எந்தப் படை நின்றது என்று கல் நட்டு அடையாளம் வைக்கும் குழுவுக்குத் தலைமை ஏற்றார். அந்தக் களத்தைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். 155 அடி உயரத் தூணின் நாலு பக்கமும் நாலு மாடங்கள். மூன்றில் கேட்ஸ், ஷைலர், மோர்கன் என்று தளபதிகளின் சிலைகள். நாலாவது மாடம் காலி.

அந்த மாடத்துக்கு உரியவர் பெனடிக்ட் ஆர்னால்ட். சரடோகா வெற்றியில் பெரும்பங்கு அவருடையது. காலில் குண்டு வாங்கியதும் அங்கேதான். மூன்று வருஷம் கழித்து வெஸ்ட் பாயின்ட் கோட்டையை பிரிட்டிஷாருக்குக் காட்டிக்கொடுக்கப் பார்த்து, சதி வெளிப்பட்டதும் அந்தப் பக்கமே ஓடிவிட்டார். சிலை வைத்தால் துரோகிக்கு மரியாதை. மாடமே வைக்காமல் விட்டால் வரலாற்றுக்குத் துரோகம். மாடத்தைச் செதுக்கி, காலியாக விட்டார்கள். இதைவிட நேர்மையான ஒரு நினைவுச் சின்னம் எனக்குத் தெரியாது. சண்டை நடந்த களத்தில் 1887-ல் இன்னொரு கல்லும் வைத்தார்கள். அதில் ஒரு பூட்ஸ் செதுக்கியிருக்கும், அடிபட்ட காலுக்காக. பின்பக்கம் அவர் வீரத்தைப் புகழ்ந்து எழுதியிருக்கும், பெயர் மட்டும் இருக்காது. தலைவர்கள் கட்சி மாறினால் பழைய படத்திலிருந்து முகத்தைச் சுரண்டி எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களை அந்தக் காலி மாடத்தின் முன்னால் ஒரு நாள் நிறுத்தி வைக்க வேண்டும்.

சரி, சங்கத்துக்கு வருகிறேன். 1890 ஏப்ரலில், 'அமெரிக்கப் புரட்சியின் மகன்கள்' என்ற ஆண்கள் சங்கம் லூயிவில்லில் கூடிப் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று வாக்கெடுத்தது. ஆகஸ்ட் 9-ஆம் தேதி, வாஷிங்டனில் எலனின் குடியிருப்பில் சில பெண்கள் கூடினார்கள். வந்தவர்கள் மொத்தம் மூன்று பேர்: எலன், மேரி டெஷா, யூஜீனியா வாஷிங்டன். அக்டோபர் 11-ல், மேரி லாக்வுட்டின் வீட்டில் 18 பேர் கூடிச் சங்கம் முறைப்படி பிறந்தது. அப்போதைய ஜனாதிபதி ஹாரிசனின் மனைவி கரோலின் முதல் தலைவி.

பணக்காரச் சீமாட்டிகள் என்றீர்கள். நிறுவனர்கள் என்று அந்தச் சங்கம் சொல்லும் நாலு பேரையும் பாருங்கள். எலன் கதை சொல்லிவிட்டேன். லாக்வுட் தங்கும் விடுதி நடத்தியவர், சங்கம் பிறந்தது அந்த விடுதியில்தான். டெஷா பள்ளி ஆசிரியை, அப்புறம் அரசு குமாஸ்தா. யூஜீனியா, ஜார்ஜ் வாஷிங்டனின் குடும்பத்தில் வந்தவர், தபால் துறையில் குமாஸ்தா. நாலு பேரும் உழைத்துச் சாப்பிட்டவர்கள். தலைவி நாற்காலியில் ஜனாதிபதியின் மனைவி உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, நாற்காலியைச் செய்தவர்களையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டோம்.

பூர்வீகப் பெருமை பேசினார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தச் சங்கத்தில் சேர வாய்ப்பேச்சுப் போதாது, தன் முன்னோர் புரட்சிக்குத் துணை நின்றார் என்பதற்கு ஆதாரம் வேண்டும். பிறப்புப் பதிவு, உயில், படைப் பட்டியல், பைபிளின் முன்பக்கத்தில் தாத்தா எழுதி வைத்த பெயர்கள். அந்த ஆதாரங்களைச் சரிபார்ப்பதற்காகவே 1896-ல் ஒரு நூலகம் ஆரம்பித்தார்கள். சங்கத்தின் மாதப் பத்திரிகைக்கு 1892-ல் முதல் ஆசிரியரும் எலன்தான்.

1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி வரலாற்றாசிரியர்கள் மாநாடு நடந்தது. எலன் அங்கே ஒரு கட்டுரை படித்தார். நாட்டுக்கு ஒரு தேசிய ஆவணக் காப்பகம் வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அன்றைக்கு அரசாங்கக் காகிதம் ஒவ்வொரு இலாகாவின் நிலவறையிலும் தாழ்வாரத்திலும் கட்டுக் கட்டாகக் கிடந்தது. 1800-ல் போர்த் துறைக் கட்டடம் எரிந்திருந்தது. 1814-ல் பிரிட்டிஷ் படை தலைநகரத்தையே கொளுத்தியிருந்தது. 1877-ல் காப்புரிமை அலுவலகம் எரிந்திருந்தது. அப்படியும் யாரும் அசையவில்லை.

1921 ஜனவரியில் வணிகத் துறை நிலவறையில் தீப்பிடித்தது. 1890-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஏடுகள் அங்கே இருந்தன. எலன் சங்கம் ஆரம்பித்த அதே வருஷத்து ஏடுகள். தீ தின்றதும் தீயணைக்க அடித்த தண்ணீர் கெடுத்ததும் போக மிச்சம் இருந்ததை வருஷக்கணக்கில் ஒரு மூலையில் போட்டு வைத்தார்கள். 1933 பிப்ரவரி 20-ல் ஜனாதிபதி ஹூவர் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அடிக்கல் நாட்டினார். மறுநாள் நாடாளுமன்றம் அந்த மிச்சத்தை அழிக்க அனுமதி கொடுத்தது. இன்றைக்கு 1890-ல் வாழ்ந்த தன் கொள்ளுத்தாத்தாவைத் தேடுகிற அமெரிக்கர் அந்தப் பத்து வருஷத்தில் வந்து முட்டி நிற்கிறார். காப்பகச் சட்டம் 1934-ல் வந்தது. எலன் கேட்டு 41 வருஷம் ஆகியிருந்தது. அவர் இறந்து 19 வருஷம்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தராசு ஞாபகம் வரும். நான் உதவி ஆசிரியனாக இருந்த ஒரு பத்திரிகை வேறு கட்டடத்துக்கு மாறியபோது, பரணில் இருந்த பழைய தொகுப்புகளைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டார்கள். துணி முதுகு, அதில் பொன் எழுத்தில் வருஷம். கடைக்காரர் தரையில் உட்கார்ந்து அட்டையை மட்டும் பிய்த்துத் தனியாக வைத்துக்கொண்டிருந்தார், அட்டைக்கு வேறு விலை. நான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் மூன்று மூட்டை வண்டி ஏறிவிட்டது. ஒரே ஒரு தொகுப்பைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கினேன். பூச்சி துளைத்த ஓட்டை ஒன்று முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நேராகப் போகும். அது இப்போதும் என் மேஜையில் இருக்கிறது. அன்று வண்டியில் போனதில் என்னென்ன இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இந்தக் கோபம் எனக்கு ஆறாது.

மரியன் ஆண்டர்சன் விஷயம். உண்மைதான், சாக்கு எதுவும் சொல்ல மாட்டேன். 1939-ல் சங்கம் தன் 'கான்ஸ்டிட்யூஷன் ஹால்' அரங்கத்தை அவருக்குத் தர மறுத்தது. கறுப்பர் என்பதுதான் காரணம். அப்போதைய ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் சங்கத்திலிருந்து விலகினார். ஈஸ்டர் ஞாயிறன்று லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று 75,000 பேருக்கு முன்னால் ஆண்டர்சன் பாடினார். பிறப்பை வைத்து உள்ளே விடுகிற சங்கம் பிறப்பை வைத்தே வெளியே தள்ளவும் செய்யும். அந்த விதை 1890-லேயே போட்டது. எலனும் சேர்ந்து போட்டதுதான். அவர் மேல் எனக்கு இருக்கும் மரியாதைக்காக இதை மறைத்தால், காலி மாடத்தைப் பற்றி மேலே எழுதியதற்கு அர்த்தமில்லை.

கடைசியாக அந்தப் பொழுது. 1898-ல் ஸ்பெயினோடு போர் வந்தது. எலனுக்கு 65 வயது. காயம்பட்ட, காய்ச்சல் கண்ட சிப்பாய்களுக்கு உதவப் பெண்கள் தேசிய அளவில் ஒரு நிவாரணச் சங்கம் அமைத்தார்கள், அதை இயக்கும் பொறுப்பு எலனிடம் வந்தது. மகள் ரூபெனா தாதியாகப் போனாள். கியூபாவிலிருந்து திரும்பிய படைகளை லாங் ஐலண்டின் மான்டாக்கில் கூடாரம் போட்டு ஒதுக்கி வைத்திருந்தார்கள். டைஃபாய்டு வார்டில் ரூபெனா வேலை பார்த்தாள். முகாம் கலைகிற நேரத்தில் அவளுக்கே காய்ச்சல் கண்டது. அக்டோபரில் இறந்துபோனாள். சரடோகாவின் கிரீன்ரிட்ஜ் கல்லறையில் அவளைப் புதைத்தார்கள். 1915-ல் எலனையும் அங்கேதான் கொண்டுவந்து வைத்தார்கள்.