திருவொற்றியூர் மாடியில் ஒரு சோலார் ஆராய்ச்சி: இறுதியாண்டு ப்ராஜெக்ட் பற்றி ஒரு தாயின் கேள்வி

கேள்வி: திருவொற்றியூரில் இருக்கிறோம். என் பெண் தனியார் பொறியியல் கல்லூரியில் இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்) படிக்கிறாள். ஜனவரியில் இறுதி செமஸ்டர் ப்ராஜெக்ட் தொடங்குகிறது. கூடப் படிக்கும் பிள்ளைகள் பலர் கடையில் காசு கொடுத்து ரெடிமேடாக வாங்கப் போகிறார்களாம். எதிர் வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறார்கள். உப்பும் தூசும் படிந்து கரன்ட் குறைகிறது என்று அவர்கள் புலம்புவதைக் கேட்டுவிட்டு, அதையே ப்ராஜெக்டாகச் செய்யலாமா என்கிறாள் இவள். "இதில் என்ன புதுமை, சூரியனைப் பின்தொடர்ந்து பேனலைத் திருப்பும் டிராக்கர் செய்யுங்கள்" என்கிறாராம் கைடு. லேப் இல்லாமல் வீட்டு மாடியில் இதைச் செய்ய முடியுமா? செலவு எவ்வளவு ஆகும்? வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எடுபடுமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். உங்கள் பெண் கேட்டிருப்பது அசல் ஆராய்ச்சிக் கேள்வி. எதிர் வீட்டுக்காரர்களுக்கு அதன் விடை தேவைப்படுகிறது. மூன்று மாதத்தில் அளந்து முடித்துவிடலாம். உங்கள் தெருவுக்கென்று அந்த விடையை இதுவரை யாரும் எழுதி வைத்திருக்க வாய்ப்பில்லை. பல்கலைக்கழகங்களில் பயன்பாட்டு ஆராய்ச்சி என்று பெரிய அளவில் நடப்பதும் அடிப்படையில் இதுதான்.

முதலில் புதுமை பற்றிய கேள்வி. தூசு படிந்தால் மின்சாரம் குறையும் என்பது புதிதல்ல, அதில் கைடு சொல்வது சரி. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகமும் ஐ.ஐ.டி. காந்திநகரும் சேர்ந்து 2017-ல் ஓர் ஆய்வு வெளியிட்டன. காந்திநகர் வளாகத்துப் பேனல்களைச் சில வாரங்களுக்கு ஒருமுறை கழுவியபோது, ஒவ்வொரு முறையும் உற்பத்தி ஏறக்குறைய 50 சதவீதம் கூடியது. ஆனால் அது குஜராத்தின் வறண்ட மண்தூசு. அந்த எண்ணை எடுத்து எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒட்ட முடியாது. உங்கள் மாடியில் எவ்வளவு குறைகிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவினால் கட்டுப்படியாகும் என்பதில்தான் புதுமை இருக்கிறது.

வடசென்னையின் தூசு தனி ரகம். கிழக்கே கடல், வீட்டை ஒட்டியே கன்டெய்னர் லாரிகள் போகும் சாலை, மேற்கே மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் ரசாயன ஆலைகளும், வடக்கே காமராஜர் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரியும் அத்திப்பட்டுப் பக்கம் அனல் மின் நிலையங்களும். கடற்காற்று கொண்டுவரும் உப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கரைந்துவிடும். கடலோரத்தில் இரவில் ஈரப்பதம் அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. ராத்திரி கரைந்த உப்பு தூசோடு குழைந்து, காலை வெயிலில் காய்ந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொள்கிறது. சிமென்ட் பூசியது போல இறுகிவிடும் இந்தப் படலத்தைக் காற்று தள்ளாது, லேசான தூறலும் கழுவாது. உள்நாட்டில் எடுத்த எண்கள் இங்கே செல்லுபடியாகாமல் போக இது ஒன்றே போதும்.

டிராக்கர் வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். ஆண்டுதோறும் எத்தனையோ பேட்ச்கள் அதையே செய்கின்றன, மாதிரியும் நிரலும் கடையிலேயே கிடைக்கின்றன. வீட்டு மாடியில் யாரும் டிராக்கர் பொருத்துவதும் இல்லை. உப்புக் காற்றில் அதன் பற்சக்கரமும் மோட்டாரும் வெகு நாள் தாங்காது.

இனி செய்முறை. ஒரே தயாரிப்பு, ஒரே மாடலில் 10 வாட் பேனல்கள் இரண்டு வாங்குங்கள். எதிர் வீட்டுப் பேனல் எந்தத் திசையில், எந்தச் சாய்வில் இருக்கிறதோ அதே திசையில், அதே சாய்வில் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். ஒன்றைத் தினமும் காலையில் துடைக்க வேண்டும், மற்றதைத் தொடவே கூடாது. தண்ணீர்த் தொட்டியின் நிழலோ கைப்பிடிச் சுவரின் நிழலோ காலை 10 முதல் பிற்பகல் 2 வரை இரண்டில் எதன் மேலும் விழக் கூடாது. ஒரு மூலையில் விழும் சின்ன நிழல்கூட அந்த நாளின் கணக்கைக் கெடுத்துவிடும்.

எதை அளப்பது? பெரும்பாலான மாணவர்கள் வோல்டேஜை அளந்து, வித்தியாசமே இல்லை என்று குழம்புவார்கள். வோல்டேஜ் வெளிச்சத்துக்கு அவ்வளவாக அசையாது. பேனலின் இரு முனைகளையும் நேரடியாக இணைத்தால் ஓடும் ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டம்தான் விழும் வெளிச்சத்துக்கு நேர்விகிதத்தில் மாறும். வெப்பத்தால் அது மிகக் கொஞ்சமே மாறும். ஷார்ட் செய்தால் எரிந்துவிடுமே என்று பயப்பட வேண்டாம், பேனலில் ஓடும் மின்னோட்டத்துக்கு வெளிச்சமே எல்லை கட்டுகிறது. 10 வாட் பேனலில் உச்சி வெயிலிலும் 0.6 ஆம்பியர் அளவுதான் வரும். பேட்டரியை மட்டும் இப்படி எந்நாளும் ஷார்ட் செய்யக் கூடாது.

அழுக்குப் பேனலின் மின்னோட்டத்தைச் சுத்தமான பேனலின் மின்னோட்டத்தால் வகுத்தால் ஒரு விகிதம் வரும். சோலார் நிலையங்களைக் கண்காணிப்பதற்கான சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 61724-1 சொல்லும் அழுக்கு விகிதமும் இந்த அடிப்படையில் அமைந்ததே. ரிப்போர்ட்டில் இந்தத் தர எண்ணைக் குறிப்பிடச் சொல்லுங்கள். கைடின் தயக்கம் பாதி அங்கேயே தீரும்.

எல்லோரும் தவறவிடும் படி ஒன்று இருக்கிறது, அதை அழுத்தியே சொல்கிறேன். 10 வாட் என்று அச்சிட்ட இரண்டு பேனல்களும் ஒன்றுபோல் இருக்காது, சில சதவீதம் வேறுபடும். அளக்கப்போகும் இழப்பே சில சதவீதமாக இருக்கும்போது இது பெரிய தொல்லை. அதனால் முதல் பத்து நாள் இரண்டையும் தினமும் துடைத்து, விகிதத்தைக் குறிக்க வேண்டும். பாதியில் இடம் மாற்றி வைத்தும் பார்க்க வேண்டும். அந்தப் பத்து நாளில் விகிதம் 0.98 என்று நின்றால், பின்னால் வரும் எல்லா விகிதங்களையும் 0.98-ஆல் வகுக்க வேண்டும். அந்த நாட்களில் விகிதம் எவ்வளவு ஆடுகிறதோ அதுதான் உங்கள் அளவீட்டின் பிழை எல்லை. 1 சதவீதம் ஆடுகிறதென்றால், 1 சதவீத இழப்பைக் கண்டுபிடித்தேன் என்று எழுதக் கூடாது.

பதிவு செய்வதற்கு நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்னணுப் போர்டான அர்டுயினோ அல்லது இ.எஸ்.பி.32 ஒன்றும், ஐ.என்.ஏ.219 மின்னோட்ட சென்சார் இரண்டும் போதும். கடையில் வரும் சென்சார்கள் இரண்டுக்கும் ஒரே முகவரிதான் (போர்டு சென்சாரை அடையாளம் காணும் எண்) இருக்கும். ஒன்றில் சின்ன சால்டர் புள்ளி வைத்து மாற்றாவிட்டால், இரண்டும் ஒன்றையொன்று குழப்பும். பேனலின் பின்புறம் ஒட்ட டி.எஸ்.18பி20 வெப்ப சென்சாரும் வாங்கிக்கொள்ளலாம். எல்லாம் ரிச்சி தெருவில் கிடைக்கும். மொத்தமும் சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும், பேட்ச்சில் நான்கு பேர் பகிர்ந்தால் பாரமே தெரியாது. நிமிடத்துக்கு ஒரு பதிவு போதும். மேகம் வந்தாலும் கவலையில்லை, இரண்டு பேனலும் ஒரே நொடியில் ஒரே மேகத்தைத்தான் பார்க்கின்றன. ஆனாலும் கணக்குக்கு 11 முதல் 1 மணி வரை உள்ள பதிவுகளை மட்டும் எடுப்பது நல்லது.

தினமும் ஒரு போட்டோவும் எடுத்து வைக்கட்டும். பேனல் என்பது பல சிறு செல்களின் தொகுப்பு; காகம் எச்சமிட்டு ஒரே ஒரு செல் மறைந்தாலும் வரிசையாகக் கோத்த எல்லா செல்களின் மின்னோட்டமும் விழும். அந்த வீழ்ச்சியைத் தூசின் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.

காலம் உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கண்ணாடியை அவ்வப்போது கழுவிவிடும். ஆகவே செமஸ்டர் தொடங்கும் வரை காத்திருக்காமல் டிசம்பர் கடைசியிலேயே அந்தப் பத்து நாள் ஒப்பீட்டை முடித்துவிட்டு, ஜனவரி முதல் அழுக்குப் பேனலை விட்டுவிட வேண்டும். ஏப்ரல் வரை அதிகம் மழை இருக்காது. நடுவில் போகி வருகிறது. ஒரே காலையில் அவ்வளவு புகை சூழும்போது விகிதம் நகர்கிறதா என்று பார்ப்பதே ரிப்போர்ட்டில் ஒரு நல்ல பக்கமாகும். மணலி, ராயபுரம், கொடுங்கையூர் பகுதிகளில் காற்றுத் தரக் கண்காணிப்பு நிலையங்கள் இருக்கின்றன. அவற்றின் பி.எம்.10 (காற்றில் மிதக்கும் நுண்துகள்) அளவுகளை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்திலிருந்து எடுத்து, இழப்போடு ஒப்பிட்டு ஒரு வரைபடம் போடலாம்.

என்னைக் கேட்டால் இந்த ப்ராஜெக்டின் உயிர் அடுத்து வரும் பகுதியில் இருக்கிறது. லேப் இல்லை என்கிறீர்கள், ஆனால் முதலாண்டு வேதியியல் லேப் எல்லாப் பொறியியல் கல்லூரியிலும் உண்டு. மைக்ராஸ்கோப்புக்கு வைக்கும் கண்ணாடித் தகடுகளை எடைபோட்டு, பேனலுக்குப் பக்கத்தில் அதே சாய்வில் ஒட்டி வையுங்கள். வாரம் சிலவற்றை எடுத்து 0.1 மில்லிகிராம் காட்டும் தராசில் மறுபடி எடைபோட்டால், எவ்வளவு படிந்தது என்று தெரியும். அப்புறம் அவற்றைக் காய்ச்சி வடித்த நீரில் கழுவி, அந்த நீரில் குளோரைடை, அதாவது உப்பின் அளவைக் காட்டும் பகுதியை, அளக்க வேண்டும். வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளக்கும் டைட்ரேஷனை முதலாண்டிலேயே கற்றிருப்பார்கள். படிவது மிகக் கொஞ்சம் என்பதால் நீர்த்த வெள்ளி நைட்ரேட் கரைசலே வேண்டும், ஒரே வாரத்துத் தகடுகள் நாலைந்தைச் சேர்த்துக் கழுவினால் எண் தெளிவாக வரும். கரையாமல் மிஞ்சுவதை வடிதாளில் பிடித்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம், கரிய துகளும் மண்துகளும் வேறுவேறாகத் தெரியும். பேட்ச்சில் ஒரு பிள்ளையின் வீடு பெரம்பூரிலோ மாதவரத்திலோ இருந்தால், அங்கேயும் ஒரு ஜோடிப் பேனலும் தகடுகளும் வைக்கட்டும். கடலிலிருந்து தள்ளிப் போகப் போக உப்பின் பங்கு குறைகிறதா என்று அதே நாட்களில் ஒப்பிடலாம். இரண்டு மாடி, ஒரே காலம், ஒரே முறை என்று இருந்தால் ஒரு தேர்வாளர் எழுந்து நின்று பாராட்டக்கூடிய வேலை அது.

துடைக்கும் தண்ணீரிலும் கவனம் வேண்டும். உங்கள் பகுதியில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அது காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீர் அதைவிட மோசம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வருவதால் உப்பு மிகக் குறைவு, அதை ஒரு வாளியில் பிடித்து வைக்கலாம். வெயில் ஏறுவதற்கு முன் மெல்லிய துணியால் துடைக்கட்டும். சோப்புத்தூளும் கம்பி நாரும் கூடாது.

இப்போது எதிர் வீட்டுக் கணக்கு. சென்னையில் 1 கிலோவாட் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்று வைத்தால், 3 கிலோவாட்டுக்கு 12 யூனிட். ஒரு யூனிட்டின் மதிப்பு 5 ரூபாய், ஒருமுறை கழுவ ஆகும் கூலி 150 ரூபாய் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். தினமும் 0.3 சதவீதம் இழப்பு கூடுகிறது என்று உங்கள் பெண் அளந்தால், அன்றாட நஷ்டம் நாளுக்கு 18 பைசா வீதம் கூடிக்கொண்டே போகும். கழுவும் கூலியை இரண்டால் பெருக்கி, அந்த 18 பைசாவால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 41 வரும். 41 நாளுக்கு ஒருமுறை கழுவுவதுதான் அவர்களுக்கு லாபம். இழப்பு இரட்டிப்பாகி 0.6 சதவீதம் ஆனால் விடை பாதியாகாது, 29 நாள் ஆகும். வீட்டு பில் எந்த ஸ்லாபில் விழுகிறது என்பதைப் பொறுத்து யூனிட்டின் மதிப்பு மாறும், ஆகவே அவர்களுடைய பில்லை வாங்கிப் பார்த்தே கணக்குப் போட வேண்டும். இழப்பு மிகக் குறைவு, மாதாமாதம் ஆள் வைத்துக் கழுவ வேண்டாம் என்று முடிவு வந்தாலும் அது முழு வெற்றிதான். அந்தக் குடும்பத்துக்குக் கூலி மிச்சம்.

எதிர் வீட்டு இன்வெர்ட்டர் ஆப்பில் தினசரி யூனிட் பதிவாகும். அதையும் அனுமதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த சிஸ்டத்தின் வயர்களையோ கனெக்டர்களையோ யாரும் தொடக் கூடாது. பேனல்கள் தொடராக இணைந்திருப்பதால் அங்கே நூற்றுக்கணக்கான வோல்ட் டி.சி. இருக்கும், வெயிலில் கழற்றினால் தீப்பொறி பறக்கும். நம்முடைய 10 வாட் பேனலில் சுமார் 22 வோல்ட்தான். கைப்பிடிச் சுவர் மேல் ஏறி வேலை செய்வதும் வேண்டாம்.

வைவாவில் கேட்பார்கள், "டெமோ எங்கே?" என்று. இரண்டு பேனலையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய் ஒரு விளக்கொளியில் காட்டினாலே போதும், விகிதம் அங்கேயே திரையில் தெரியும். ஆனால் பதில் சொல்ல அவளுக்கு உண்மையில் துணை நிற்பது கையால் எழுதிய நோட்டுதான்: தேதி, வானிலை, யார் துடைத்தது, என்ன தவறியது என்று. காசு கொடுத்து வாங்கிய ப்ராஜெக்டோடு போகும் பிள்ளை இரண்டாவது கேள்வியிலேயே திணறும். உங்கள் பெண்ணுக்கு எந்த நாளில் விகிதம் ஏன் இறங்கியது என்று பார்க்காமலே சொல்ல வரும்.

செலவுக்கு உதவி வேண்டுமென்றால், தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ப்ராஜெக்டுகளுக்கு உதவித்தொகை தருகிறது. கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், ஆகவே துறைத் தலைவரிடம் (ஹெச்.ஓ.டி.) இப்போதே கேட்டு வைக்கட்டும். சூரியக் கதிர்வீச்சு அளவீடு பற்றிச் சந்தேகம் வந்தால் பள்ளிக்கரணையில் தேசிய காற்றாற்றல் நிறுவனம் இருக்கிறது. பெயரில் காற்று இருந்தாலும், நாடு முழுவதும் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை அமைத்தது அவர்கள்தான். கட்டணம் கட்டினால் இரண்டே நாளில் கட்டுரையை வெளியிடுகிறோம் என்று மெயில் அனுப்பும் இதழ்களுக்கு மட்டும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். அந்தப் பணத்தில் தமிழில் ஒரு பக்க நோட்டீஸ் அச்சடித்து, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்தத் தண்ணீரில் கழுவுவது என்று எழுதி, தெருவில் சோலார் போட்டிருக்கும் வீடுகளுக்குக் கொடுக்கலாம். கைடிடம் போகும்போது அழுக்கு விகிதத்தின் விளக்கம், இரண்டு மாடிகளின் வரைபடம், ஜனவரி முதல் ஏப்ரல் வரையான கால அட்டவணை மூன்றையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போகட்டும்.